கண் டாக்டரின் கட்டணம்

மார்ச் 4

அன்பு மகளுக்கு,

நீ எழுதிக் காட்டிய தக்காளி மட்டுமில்லை, முடி வெட்டுவதும் இங்கே மலிவுதான். விசாரித்துவிட்டேன். அங்கே நாம் பங்குபோட்ட ஒற்றைக் கட்டிலின் வாடகையில் இங்கே இரண்டு அறை, ஒரு பால்கனி. இவ்வளவு பெரிய வீட்டில் தனியாக என்ன செய்கிறீர்கள் என்று பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா கேட்டாள். நடக்கிறேன் என்றேன். அங்கே ஒருத்தி நடந்தால் இன்னொருத்தி கட்டிலில் ஏறி உட்கார வேண்டுமே. நான் கிளம்பி வந்தது நல்லதாய்ப் போயிற்று. வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா

மார்ச் 19

அம்மா,

இங்கே முடிவெட்டும் காசுக்கு நான் ஆய்வகத்தில் மூன்று மணி நேரம் சோதனைக் குழாய் கழுவ வேண்டும். அதனால் முடி வளர்கிறது. உன் பாதிக் கட்டிலுக்கு ஒரு நர்ஸ் வந்திருக்கிறாள். சுவரைப் பார்த்துத் தூங்குகிறாள். உன்னைப் போலவே.

உன் கண் அழுத்தத்துக்கு மாதாமாதம் டாக்டரிடம் காட்டச் சொன்னார்களே. அங்கே கண் டாக்டரின் கட்டணம் எவ்வளவு? எல்லாவற்றுக்கும் விலை எழுதினாய். இதற்கு இல்லை.

மகள்

ஏப்ரல் 2

கண்ணுக்கு,

எழுத்து பெரிதாக இருக்கிறதே என்று பார்க்காதே. தாளும் இங்கே மலிவு. பஸ் கட்டணம் அங்கே இருப்பதில் பாதிதான். லீவு போட்டுவிட்டு ஓடி வராதே, சம்பளம் பிடிப்பார்கள். நான் நன்றாக இருக்கிறேன்.

அம்மா

ஏப்ரல் 9

அம்மா,

கட்டணம் எவ்வளவு?

ஏப்ரல் 20

மகளே,

நான் சொல்லச் சொல்லத் தையல்காரம்மா எழுதுகிறாள். இந்த ஊரில் கண் டாக்டர் இல்லை. வாடகை பேசும்போதே எனக்குத் தெரியும். அங்கே உன் சம்பளத்தில் பாதி என் கண்ணுக்குத்தானே போனது. நீ அதைச் சொல்லிக் காட்டியதே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நேற்று இவள் நான்கு மணி நேரம் பஸ்ஸில் என்னைக் கூட்டிப் போனாள். டாக்டர் இரண்டு கண்ணையும் பார்த்தார். "இனி செய்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார். கட்டணம் வாங்கவில்லை.

கோபமாக எதுவும் எழுதிவிடாதே. இவள்தான் படிக்க வேண்டும். பாவம், அழுதுவிடுவாள்.

அம்மா

ஏப்ரல் 26

அம்மா,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

கோபம் இருக்கிறது. உன்மேல் இல்லை. இரண்டு ஊர் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, பார், எவ்வளவு மிச்சம் என்று உன்னிடம் நீட்டியவள் நான்தான்.

தையல்காரம்மா, நிறுத்தாமல் படியுங்கள்.

அங்கே எனக்கு என்ன சம்பளம் கிடைக்கும் என்று விசாரிக்கவில்லை. இன்று காலை ஆய்வகத்தில் வேலையை விட்டேன். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு ஒரு டிக்கெட் எடுத்தேன்.

மகள்