மேலிருந்து கீழே சுற்றிய டேப்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை காலையில், அப்பாவைப் போலவே வீட்டில் செட் வைத்திருக்கிற நம்மூர் ஓய்வுபெற்ற கப்பல்காரரிடம் நீ ரேடியோவில் பேசியதை நாங்கள் இரண்டு பேரும் பெட்டியில் காதை ஒட்டவைத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். தீவில் காற்று அதிகம், வானிலை நிலையத்தில் ஜெனரேட்டர் பாதி நாள் ஓடுவதில்லை, தும்மல் விட்டபாடில்லை என்று அவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னாய். பெற்ற மகளின் தும்மலை இன்னொருத்தர் வழியாகத் தெரிந்துகொள்ளவேண்டும் என்பது எங்கள் தலையெழுத்து. கம்பளி பனியனைச் சட்டைக்கு உள்ளே போடு, மேலே போட்டால் ஒரு பிரயோசனமும் இல்லை.

வீட்டுச் செய்தி என்று எழுதவும் ஒன்றுமில்லை, எட்டு வாரமாக இந்த வீட்டில் ஆன்டெனாவைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை. தையல் வேலைக்கு வந்த பள்ளிச் சீருடைகள் கட்டில் மேல் குவிந்து கிடக்கின்றன, ஏனென்றால் என் தையல் மேசையில் உன் அப்பாவின் மீட்டரும் சால்டரிங் கம்பியும் உட்கார்ந்திருக்கின்றன. முப்பத்தொரு வருடம் ஊரெல்லாம் வயரிங் செய்த மனுஷன், தன் வீட்டு மொட்டைமாடிக் கம்பி ஒன்றோடு இவ்வளவு மல்லுக்கட்டுவார் என்று நான் நினைக்கவில்லை. இதையெல்லாம் போன இரண்டு தபால் படகிலும் நான் எழுதவில்லை. எழுதாதே, கெஞ்சுகிற மாதிரி இருக்கும் என்று அப்பா சொன்னார், நானும் அந்தப் பேச்சைக் கேட்டுத் தொலைத்தேன். நீயும் உன் கடிதத்தில் மழை எத்தனை மில்லிமீட்டர், காலுறை எத்தனை ஜோடி வேண்டும் என்று எழுதினாயே தவிர அப்பாவைப் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே அச்சு, நடுவில் நான் எதற்கு என்றே தெரியவில்லை.

இன்னும் இரண்டு வருடத்துக்குத் தீவிலேயே இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, அதை நீ ரேடியோவில் சொன்ன ஞாயிறு உனக்கு ஞாபகம் இருக்கும். அப்பா “உன் இஷ்டம்” என்றார், செட்டை அணைத்துவிட்டார். முகம் தெரியாத ஆளிடம் பேசினால்கூட விடைபெறாமல் அணைக்கக்கூடாது என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். நான் சமையலறையிலிருந்து வந்து கத்தினேன், அவர் காதில் ஏறவில்லை. அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. அடுத்த ஞாயிறு காலை ஆறே முக்காலுக்கெல்லாம் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு செட்டின் முன்னால் உட்கார்ந்தார், ரேடியோவில் சட்டையா தெரியப்போகிறது. தீவுக்குத்தான் போன் எட்டாதே, உங்களுக்குள் இருக்கிற ஏற்பாட்டின்படி ஏழு மணிக்கு அவர்தான் முதலில் கூப்பிடவேண்டும், நீ பதில் சொல்லவேண்டும். கூப்பிட்டார். அரைமணி நேரம் கூப்பிட்டார். ஒன்றும் வரவில்லை. ஏழே முக்காலுக்கு உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி மெல்லக் கேட்டது, கப்பல்காரரிடம் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாய். அப்பா நடுவில் புகுந்து தன் அழைப்புக்குறியைச் சொன்னார். நீ பேச்சை நிறுத்தவே இல்லை. அவர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “அவளுக்குக் கேக்குது. பதில் சொல்ல மனசில்ல” என்றார். எட்டு ஞாயிறு இதே கதை.

என்னிடம் மட்டும்தான் அப்படிச் சொன்னது. மற்றபடி பழி எல்லாம் ஆன்டெனா மேல். நடுக்கம்பத்தைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்திலிருந்து மாடிப்படி மூலைக்கு மாற்றினார், அங்கிருந்து மறுபடி தொட்டிப் பக்கம். இரண்டு பக்கமும் சரிந்து இறங்குகிற செம்புக் கம்பிகளில் என் கொடிக்கயிறு சிக்கும் என்று சொல்லி, துவைத்த துணியெல்லாம் இப்போது கூடத்தில் காய்கிறது. கம்பியின் முனையைப் பிடித்துக்கொண்டு நான் மழைத்தூறலில் நிற்கவேண்டும், அவர் கீழே ஓடிப்போய் மீட்டர் பார்த்துவிட்டு மேலே வந்து இரண்டு விரல் நீளம் வெட்டவேண்டும், மறுபடி கீழே ஓட்டம். அறுபத்துமூன்று வயதில் அந்தப் படியில் ஒரு நாளைக்கு இருபது தடவை. இரைச்சல் குறையும் என்று செட்டுக்குப் பக்கத்தில் கேபிளை ஏழு சுற்றுச் சுற்றித் தொங்கவிட்டார். அதுவும் போதாமல் மாடிவீட்டு மோட்டார்தான் இரைச்சல் கிளப்புகிறது என்று அந்த வீட்டம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார், அந்த அம்மா இப்போது படியில் என்னைப் பார்த்தால் சுவரைப் பார்க்கிறாள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால் அந்த மீட்டர். கம்பிக்குப் போன பவரில் எவ்வளவு வேண்டாம் என்று திரும்பி வருகிறது என்று காட்டுகிற ஊசி அது, திரும்பி வராவிட்டால் எல்லாம் சரி என்று அர்த்தம், அவ்வளவு எனக்கே இப்போது தெரியும். அந்த ஊசி அசைவேனா என்று கிடந்தது. “பாருடி, கட்டின நாள்ல இருந்து இவ்வளவு நல்லா இருந்ததே இல்ல” என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். கம்பியைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஊசி நல்ல பிள்ளையாக அப்படியே நிற்கும். அப்படியென்றால் நம் பக்கம் ஒரு குறையும் இல்லை, குறை உன் மனதில்தான் என்று அவருக்குக் கணக்கு முடிந்துவிட்டது. இன்னொரு பக்கம் என் மேசையில் செட்டுக்குப் பின்னால் தினமும் வட்டமாக ஈரம். டீ டம்ளரைக் கண்ட இடத்தில் வைக்காதீர்கள் என்று மூன்று வாரம் அவரைத் திட்டினேன், நான் வைக்கவே இல்லை என்று அவர் சத்தியம் செய்தார், நான் நம்பவில்லை. அந்த ஒன்றில் மட்டும் தப்பு என் பேரில்.

போன திங்கட்கிழமை அப்பா மருந்துக் கடைக்குப் போயிருந்தபோது நான் கப்பல்காரருக்குப் போன் போட்டேன். அவரிடம் கேளுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், “என் பொண்ணு என்கூடப் பேசுறாளான்னு ஊரான்கிட்ட கேக்கணுமா” என்று அப்பா மறுத்துவிட்டார். கப்பல்காரர் எடுத்த எடுப்பில், “தங்கச்சி, அவரு செட்டை வித்துட்டாருன்னுல்ல நெனச்சேன். ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு அவரு குரலைக் கேட்டு” என்றார். மீட்டரைப் பற்றிச் சொன்னேன். ஊசி எங்கே நிற்கிறது என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “பவர் திரும்பி வரலேன்னு மட்டும்தான் ஊசிக்குத் தெரியும். மேல போய்ச் சேர்ந்ததால வரலையா, போற வழியிலயே செத்துப்போனதால வரலையான்னு அதுக்குத் தெரியாது. கேபிளுக்குள்ள தண்ணி இறங்கியிருக்கும். நூறு வாட்டு விட்டா ரெண்டு வாட்டு வெளிய போயிருந்தா அதிகம். அவருக்கு நாங்க லேசாக் கேப்போம், எங்களுக்கு அவரு கேக்கவே மாட்டாரு.” கம்பத்து உச்சியில் கம்பியும் கேபிளும் சேருகிற இணைப்பைக் கழற்றிவிட்டு, மேலே ஒன்றுமே இல்லாமல் மீட்டரைப் பார்க்கச் சொன்னார், அப்போதும் ஊசி நல்லபடியாக நின்றால் குற்றவாளி கேபிள்தானாம். எங்களைப் பற்றி நீ ஏதாவது விசாரித்தாயா என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது.

அப்பா வந்ததும் சொன்னேன். கழற்றலாம் என்று துள்ளிக்கொண்டு போவார் என்று பார்த்தால், முடியாது என்கிறார். கம்பத்தை மாற்றினார், கம்பியை வெட்டினார், செட் பக்கத்துக் கனெக்டரை இரண்டு தடவை புதிதாகப் போட்டார், அந்த ஒரு இணைப்பில் மட்டும் கை வைக்கமாட்டாராம். ஏன் என்று துருவித் துருவிக் கேட்டபிறகு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, “அது அவ சுத்துனது” என்றார். ஐந்து மாதத்துக்கு முன்னால் விடுமுறை முடிந்து கிளம்புகிற அன்று காலையில், பெட்டியெல்லாம் கட்டி வாசலில் வைத்துவிட்டு, புதுக் கேபிளுக்கு நீதான் ஏணியில் நின்று டேப் சுற்றினாய். அதை அவிழ்த்தால் என்ன குடி முழுகிப்போகும் என்று கத்தினேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

நான் பொறுமைசாலி இல்லை என்பது உனக்குத் தெரியும். நானே மாடிக்குப் போய்க் கப்பிக் கயிற்றை அவிழ்த்துக் கம்பத்தின் உச்சியை இறக்கினேன், துணியைத் தவிர எதையும் தொடவிடாத என் பெரிய கத்தரியை எடுத்து அந்த டேப்பை நீளவாட்டில் வெட்டினேன். வெட்டின இடத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. உள்ளே செம்புப் பின்னல் கன்னங்கரேலென்று அழுகின மாதிரி இருந்தது, விரலால் தொட்டால் பொடியாகிறது. சந்தேகமே வேண்டாம் என்று இணைப்பையும் கழற்றிவிட்டுக் கீழே வந்து செட்டைப் போட்டுப் பார்த்தேன், மேலே ஒன்றுமே இல்லாத கேபிளுக்கும் அந்தப் பாழாய்ப்போன ஊசி எல்லாம் சரி என்றது. மேசையில் இருந்த ஈரம் டீ இல்லை, நாற்பது அடிக் கேபிள் வழியாக இறங்கி வந்த மழைத்தண்ணீர்.

அப்பா திரும்பி வந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். வெட்டின டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மேலேருந்து கீழ சுத்தியிருக்கா” என்று மட்டும் சொன்னார். கீழிருந்து மேலே சுற்றிக்கொண்டு போனால்தான் மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் ஓடு வேய்ந்த மாதிரி உட்காருமாம், தண்ணீர் வழிந்து ஓடிவிடுமாம். நீ சுற்றியதில் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீர் பிடிக்கிற வாயாக இருந்திருக்கிறது. ஏணியில் உன் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் பார்க்கவில்லையா என்று கேட்டேன். பார்த்தாராம். படகுக்கு நேரமாகிவிட்டதாம், கிளம்புகிற நேரத்தில் எதற்குக் குறை சொல்லவேண்டும் என்று விட்டுவிட்டாராம். சாதாரண நாளில் நீ போட்ட முடிச்சை மூன்று தடவை அவிழ்க்கச் சொல்லுகிற மனுஷன்.

நேற்றுப் புதுக் கேபிள் போட்டாயிற்று. கீழிருந்து மேலே அவரே சுற்றினார், தண்ணீர் சொட்டி விழுவதற்கென்று கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டிருக்கிறார். இன்று காலை கப்பல்காரரைக் கூப்பிட்டார், முதல் தடவையிலேயே பதில். காதைக் கிழிக்கிறீர்கள், குரலைக் குறையுங்கள் என்றார் அவர். எல்லாம் முடிந்தது, ஞாயிறு மகளிடம் பேசலாம் என்று நான் மூச்சு விட்டேன். உன் அப்பா என்ன சொல்கிறார் தெரியுமா, இந்த ஞாயிறு வேண்டாமாம். கம்பத்துக்கு இன்னொரு இழுகயிறு கட்டவேண்டுமாம், மழை முழுதாக விடட்டுமாம், கேபிள் செட்டாக வேண்டுமாம். கேபிள் என்ன சிமெண்டா. நான் சும்மா விடவில்லை. கடைசியில், “இவ்வளவு நாள் கேபிள் மேல பழி போட்டாச்சு. இப்ப அவளுக்கு நல்லாக் கேக்கும். கேட்டும் பதில் வரலேன்னா?” என்றார்.

அதனால்தான் சீருடையைத் தைக்காமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளைக் காலைப் படகில் போட்டால் சனிக்கிழமை உன் கையில் இருக்கும். அணில் கேபிளைக் கடித்துவிட்டது என்று எழுதச் சொல்லியிருக்கிறார் அப்பா, உன் டேப்பைப் பற்றி மூச்சுவிடக் கூடாதாம். நான் மூச்சு விட்டுவிட்டேன். நீ அவரிடம் அணில் என்றே பேசு. எட்டு வாரமும் அப்பா கூப்பிடவே இல்லை என்று நீயும் நினைத்துக்கொண்டிருந்திருப்பாய், அதுவும் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரே ஒரு தடவை நீயாகக் கூப்பிட்டிருந்தால் உன் கை என்ன தேய்ந்தா போயிருக்கும். அவர் முதலில், நீ பிறகு என்று யார் கல்லில் வெட்டி வைத்தது. இந்த வீட்டில் முதல் பட்டதாரி நீ, இந்தப் புத்தி வேண்டாமா.

ஒருவேளை அவர் குரல் உனக்கு லேசாகக் கேட்டிருந்து, நீதான் வேண்டுமென்று பேசாமல் இருந்தாய் என்றால், அதை எனக்கு எழுதாதே. எந்தக் கடிதத்திலும் எழுதாதே. கேபிள் என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.

தும்மலுக்கு ஆவி பிடி, ஈரத் தலையோடு வானிலைப் பலூன் விட வெளியே போகாதே, நல்ல உடம்போடும் தெளிந்த மனதோடும் இருக்க என் ஆசி எப்போதும் உண்டு. ஞாயிறு ஏழு மணிக்குச் செட்டை நான் போட்டுவைக்கிறேன், அவரைப் பிடித்து உட்காரவைப்பதும் என் பொறுப்பு. நீ கூப்பிடு. அவர் உடனே பதில் சொல்லமாட்டார், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருப்பார், சிக்னல் இல்லை என்று நினைத்து அணைத்துவிடாதே. இன்னொரு தடவை கூப்பிடு.

இப்படிக்கு,
உங்கள் இருவரோடும் மாரடிக்கிற உன் அம்மா