சம்பந்தி கொடுத்த வண்டியும் பின்கதவுப் பள்ளமும்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா சொல்லி எழுதும் கடிதம். இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனியாக முனகிக்கொண்டிருக்கிறது, அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்து யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துவிடாதே. வழக்கமாக நான் சொல்லச் சொல்ல உன் மாமியார்தான் எழுதுவார், டீச்சராக இருந்தவர், முத்து முத்தாக எழுதுவார், ஆனால் நான் சொல்வதை எல்லாம் திருத்தித் திருத்தி எழுதுவார், கடைசியில் படித்துக் காட்டும்போது பார்த்தால் எல்லோரும் நலம், வேளாவேளைக்குச் சாப்பிடு என்ற இரண்டு சங்கதிதான் மிச்சம் இருக்கும். இந்தத் தடவை சொல்லப்போவது அவர் காதுக்குப் போகவே கூடாதது. போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், இங்கே கேட்டது பால் பொங்குவதற்குள் உன் மாமியார் வீட்டில் கேட்டுவிடும். அதனால் எதிர்வீட்டுக் கண்டக்டர் மாமாவைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறேன். இருபத்தெட்டு வருஷம் ஓடும் பஸ்ஸில் நின்றபடியே எழுதிப் பழகிய கை, நாற்காலியில் உட்கார்ந்தால் எழுத்து தள்ளாடுகிறது, பொறுத்துக்கொண்டு படி.

விஷயம் உன் மாமனார் கொடுத்த வண்டியைப் பற்றியது. இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று கண் டாக்டர் அவரிடம் கண்டிப்பாகச் சொன்னது உனக்குத் தெரியும். மறுநாளே சாவியோடு நம் வீட்டுக்கு வந்துவிட்டார். சம்பந்தி, வித்தா எவன் கையிலயோ போய் அடிபடும், உங்ககிட்ட இருந்தா என் கண்ணு முன்னாடியே இருக்கும், வச்சுக்கங்க என்றார். ஒன்பது வருஷமா ஒரு கீறல் கிடையாது, இந்த ஊர்ல வேற யாராவது அப்படிச் சொல்லட்டும் பார்க்கலாம் என்று அன்றைக்கே மூன்று தடவை சொன்னார். பின்பக்கக் கதவை மேலே தூக்கித் திறக்கிற அந்தச் சின்ன வெள்ளை வண்டிதான், நீ போன தடவை வந்தபோது பெட்டியை அதில்தான் திணித்தோம். முப்பத்தெட்டு வருஷம் லாரி ஓட்டியவனுக்கு இதெல்லாம் ஒரு வண்டியா என்றுதான் ஏறினேன். ஏறினேன் என்று சொல்வது தப்பு, இறங்கினேன். குனிந்து, மடங்கி, ஒரு காலை உள்ளே அனுப்பிவிட்டு இன்னொரு கால் வரும்வரை காத்திருக்க வேண்டும். உட்கார்ந்தால் ரோட்டிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. தெருமுனையில் ஒரு நாய் என்னை நேருக்கு நேர் பார்த்தது, முப்பத்தெட்டு வருஷத்தில் எந்த நாயும் என்னை அப்படிச் சமமாகப் பார்த்ததில்லை. கிளட்ச்சை லாரி கிளட்ச் என்று நினைத்து மிதித்தேன், கால் தரையைத் துளைத்துக்கொண்டு போய்விட்டதோ என்று குனிந்து பார்த்தேன். பிரேக்கையும் அதே பழக்கத்தில் அழுத்த, உன் அம்மாவின் மூக்குக்கண்ணாடி பறந்துபோய் முன்கண்ணாடியில் மோதியது. அன்றிலிருந்து அவள் பின்சீட்டில்தான் உட்காருகிறாள், அங்கிருந்தபடி எனக்கு முன்னாலேயே பிரேக் போடுகிறாள். திருப்பம் வந்தால் என் கை தானாக எதிர்ப்பக்கம் கொஞ்சம் ஒடித்துவிட்டுத்தான் திரும்பும், நீள லாரியை அப்படித்தான் திருப்ப வேண்டும். சந்திப்பில் நின்ற போலீஸ்காரப் பெண் என்னை நிறுத்தி, தாத்தா, எந்தப் பக்கம்னு வீட்டுலயே முடிவு பண்ணிட்டுக் கிளம்புங்க என்றாள். காலையில் புறப்படும் முன் கம்பியால் டயரைத் தட்டிப் பார்க்கிற பழக்கமும் போகவில்லை. உன் அம்மா வாசலில் நின்று, இருக்கறதே நாலு, எண்ணியாச்சா என்பாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், எழுத்துத் தெரியாதவனுக்கு இந்த வண்டி மரியாதை கொடுக்கிறது. சொல்ல வேண்டியதை எல்லாம் படம் போட்டுச் சொல்கிறது. எண்ணெய்க்கு ஒரு எண்ணெய்க் கிண்டி, பெட்ரோலுக்கு ஒரு பம்பு, பெல்ட் போடாவிட்டால் குறுக்கே கோடு போட்ட ஒரு ஆள். படம் போடுவதோடு விடாமல் மணியும் அடிக்கிறது. அன்றைக்கு வெங்காய மூட்டையை முன்சீட்டில் வைத்தேன், அதற்கும் பெல்ட் போடு என்று ஒரே பிடிவாதம், வேறு வழியில்லை, இப்போதெல்லாம் வெங்காயமும் பெல்ட் போட்டுக்கொண்டுதான் வருகிறது. இரண்டாவது வாரம் ஆமை மாதிரி ஒரு படம் மஞ்சளாக எரிந்தது. உன் மாமனாருக்குப் போன் போட்டு, சம்பந்தி, ஆமை வந்திருக்கு என்றேன். மனுஷன் சிரிக்கக்கூட இல்லை, அது எஞ்சின் விளக்கு, பெட்ரோல் மூடிய சரியாத் திருகல நீங்க, மூணு தடவ டிக் டிக்னு கேக்கறவரைக்கும் திருகுங்க, ரெண்டு நாள்ல ஆமை போயிடும் என்றார். போய்விட்டது. அவருக்கு அந்த வண்டி அப்படி. தினமும் காலை ஏழு மணிக்குப் போன் வரும். ஒரே சாவியில எழுந்துச்சா, வெயில்ல நிறுத்தலியே, முதல் கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதட்டாதீங்க, அரை நிமிஷம் விட்டுட்டுப் போடுங்க, தானா வரும் என்பார். உன் அம்மா ஒருநாள், பொண்ணக் கட்டிக் கொடுத்த மாதிரியில்ல விசாரிக்கறார் என்று சிரித்தாள், நானும் சிரித்தேன். சிரித்த பிறகுதான் நினைவு வந்தது, உன்னை அந்த வீட்டுக்கு அனுப்பியபோது நான் மட்டும் என்ன செய்தேன். சரக்கு ஏற்றிக்கொண்டு போன வழியெல்லாம் பூத் பூத்தாக இறங்கிப் பதினொரு நாள் தொடர்ந்து போன் செய்தேன். பதினொரு நாளும் உன் மாமனார்தான் எடுத்தார். என்ன சொன்னார் என்று வரிசையாக இப்போதும் சொல்வேன். முதல் நாள், பாப்பா நல்லா இருக்கா, சாப்பிட்டா. இரண்டாம் நாள், நல்லா இருக்கா, தூங்கறா. மூன்றாம் நாள், பாப்பா நல்லா இருக்கா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஸ்கூட்டர் மட்டும் கொஞ்சம் சரியில்ல. நான் அன்றைக்குச் சிமென்ட் ஏற்றியிருந்தேன், மழை பிடித்துக்கொண்டது, ஸ்கூட்டருக்கு என்ன என்று கேட்கவில்லை.

சரி, வந்த விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை தண்ணீர் மோட்டார் புகைந்துவிட்டது. அதைத் தூக்கி வண்டியின் பின்னால் போட்டுக்கொண்டு நானும் கண்டக்டரும் வைண்டிங் கடைக்குப் போனோம். கடை ஒரு சந்துக்குள், சந்தின் முனையில் இடுப்புயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பம். மோட்டாரை இறக்க வேண்டும் என்றால் பின்பக்கமாகத்தான் உள்ளே விட வேண்டும். கண்டக்டரை இறங்கிப் பின்னால் நின்று பார்க்கச் சொன்னேன். லாரியில் எப்படி என்றால், கிளீனர் பின்னால் நின்று லாரியின் உடம்பைத் தட்டிக்கொண்டே இருப்பான், தட்டுகிற சத்தம் கேட்கும்வரை வரலாம், சத்தம் நின்றால் வண்டியும் நிற்க வேண்டும். பஸ்ஸில் அப்படி இல்லையாம், ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போ. இது எனக்குத் தெரியாது, லாரிச் சங்கதி அவருக்குத் தெரியாது. கண்டக்டர் ஒரு தட்டுத் தட்டினார், சரி, வரச் சொல்கிறார் என்று வந்தேன். இன்னொரு தட்டு, கொஞ்சம் பலமாக. அவசரப்படுத்துகிறாரே என்று கொஞ்சம் வேகமாக வந்தேன். மூன்றாவதாகக் கேட்ட சத்தம் அவர் தட்டியது இல்லை, கம்பம். யோவ், எத்தன தடவய்யா நிறுத்தச் சொல்றது என்று அவர் கத்த, நீ எத்தன தடவ வரச் சொல்வ என்று நான் கத்த, வைண்டிங் கடைக்காரர் எண்ணெய்க் கையோடு வெளியே வந்து இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, ரெண்டு பேருமா சேர்ந்து அறுபத்தாறு வருஷம் ரோட்டுல இருந்திருக்கீங்க, வாயத் திறந்து நில்லுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார். இந்த இடத்தில் கண்டக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தப்பு யார்மேல் என்று சரியாகச் சொன்னால்தான் மேலே எழுதுவேன் என்கிறார். தப்பு கம்பத்தின்மேல் என்று எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

பள்ளம் உள்ளங்கை அகலம், பின்கதவின் கைப்பிடிக்குப் பக்கத்திலேயே. ஒன்பது வருஷம் ஒரு கீறல் இல்லாத வண்டி, என் கையில் வந்து இருபத்தாறாவது நாள். ஞாயிற்றுக்கிழமை உன் மாமனார் வண்டியைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். வண்டி போனால் போகிறது பாப்பா, எனக்குப் பயம் வேறு. கொடுத்த பொருளை ஒரு மாசம் ஒழுங்கா வச்சுக்கத் தெரியல உங்கப்பாவுக்கு என்று உன்னைப் பார்த்து அந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதே. டிங்கரிங் கடையில் கொடுத்துத் தட்டிப் பெயின்ட் அடிக்கலாம் என்றால் வாசனை ஒரு வாரம் போகாது, கண் மங்கிய பிறகு உன் மாமனாரின் மூக்கு இரண்டு பேர் வேலையைப் பார்க்கிறது. வெந்நீர் ஊற்றி உள்ளேயிருந்து தள்ளினால் வெளியே வரும் என்று கண்டக்டர் சொன்னார், தள்ளினோம், பாதி வந்து அதற்குமேல் வரமாட்டேன் என்றுவிட்டது. கடைசியில் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டவைத்து நிறுத்திவிட்டேன். உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. எதுக்கு இப்படிச் சுவத்துல ஒட்டி நிறுத்தறீங்க என்றாள், வெயில் படாமல் இருக்க என்றேன், வெயில் முன்னாடிதானே அடிக்குது என்றாள், துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வாடகை வண்டியில் வந்து இறங்கினார்கள். உன் மாமியார் உள்ளே போய்விட்டார். உன் மாமனார் உள்ளே வரவில்லை, நேராக வண்டிக்குத்தான் போனார். ஒரு சுத்து கூட்டிட்டுப் போங்க சம்பந்தி என்றார், முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடியபடியே சத்தத்தை வைத்து, இப்ப கியர மாத்துங்க, இங்க ஒரு பள்ளம் வரும், மெதுவா, என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குப் பள்ளம் என்ற வார்த்தையைக் கேட்டாலே வியர்த்தது. திரும்பி வந்ததும் நான் பழையபடி சுவரோடு ஒட்டினேன். இறங்கியவர், கொஞ்சம் முன்னாடி எடுங்க, பின்கதவுக்குக் கீழ ஸ்டெப்னி பக்கத்துல என் பழைய குடை இருக்கும் என்றார். நான் எடுத்துத் தர்றேன், நீங்க உள்ள போய் உக்காருங்க என்று தடுத்துப் பார்த்தேன், எதிர்வீட்டிலிருந்து கண்டக்டரும் ஓடிவந்து, வெயில்ல நிக்காதீங்க சார் என்றார், கேட்டால்தானே, வண்டியை முன்னால் எடுக்க வேண்டியதாகிவிட்டது. முன்விளக்கிலிருந்து ஆரம்பித்து ஒரு கையால் வண்டியைத் தடவிக்கொண்டே பின்னால் போனார். கதவைத் தாண்டி, டயரைத் தாண்டி, பின்கதவுக்கு வந்து, அந்த இடத்தில் கை நின்றது. விரலை உள்ளே விட்டு ஓரத்தைச் சுற்றிப் பார்த்தார். நான் நின்ற இடத்திலேயே சுருங்கிப் போனேன். அதே நேரத்தில்தானா இரண்டு பெண்களும் டீயைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். உன் மாமியார் கண்ணில் முதலில் பட்டது அதுதான். இதென்னங்க பள்ளம், சம்பந்தி, என்ன ஆச்சு என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் மாமனார், அதுவா, நான் போட்டது என்றார். டாக்டர்கிட்டப் போறதுக்கு முந்தின வாரம் மார்க்கெட் கம்பத்துல இடிச்சேன், அதனாலதான் டாக்டர்கிட்டயே போனேன், உங்கிட்ட சொன்னா கத்துவியேன்னு சொல்லல என்றார். கேட்க வேண்டுமா, ஒரு கீறல் இல்ல ஒரு கீறல் இல்லன்னு ஊரெல்லாம் பெருமையடிச்சீங்களே, அப்ப அதெல்லாம் பொய்யா என்று ஆரம்பித்த உன் மாமியார், டீ ஆறி, டம்ளரைக் கழுவி வைக்கும்வரை நிறுத்தவில்லை. மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு பிஸ்கட்டை நனைத்து நனைத்துத் தின்றார். ஒன்பது வருஷப் பெருமையை ஒரே வாக்கியத்தில் விட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார் பாப்பா.

போகும்போது உன் மாமனார் கேட் பக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, சம்பந்தி, சங்கடப்படாதீங்க, இது எனக்குப் புதுசு இல்ல, என்றார். உங்க பொண்ணு வந்த மூணாம் நாள், நானும் ஓட்டுவேன் மாமான்னு என் ஸ்கூட்டர எடுத்தா, நேரா கேட்டுல விட்டா, முன்விளக்கு தூள் தூளாச்சு, நான்தான் இடிச்சேன்னு வீட்டுல சொன்னேன், பதினெட்டு வருஷமாச்சு, இன்னிக்கு வரைக்கும் டீச்சரம்மாவுக்குத் தெரியாது என்றார். அப்புறம் குரலை இன்னும் தாழ்த்தி, டிரைவர் வீட்டுப் பொண்ணாச்சேன்னு நம்பி அப்ப ஸ்கூட்டரக் கொடுத்தேன், டிரைவராச்சேன்னு நம்பி இப்பக் காரக் கொடுத்தேன், என் ராசி அப்படி என்று சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்த மூன்றாம் நாள் போன் எனக்கு இப்போதுதான் முழுசாகக் கேட்டது பாப்பா. நீ எப்படிப்பட்ட வீட்டில் போய் இறங்கினாய் என்று தெரியாமல் மிச்சம் எட்டு நாளும் நான் வீணாகப் பூத்துக்குப் பூத்து இறங்கியிருக்கிறேன். இருந்தாலும் அப்பாவிடம் கூடச் சொல்லாமல் பதினெட்டு வருஷம் அழுத்தமாக இருந்தாயே, அது யார் புத்தி என்று உன் அம்மாவைத்தான் கேட்க வேண்டும், கேட்கவும் முடியாது.

பள்ளத்தை அப்படியே விடச் சொல்லிவிட்டார், விட்டுவிட்டேன். இன்றைக்குக் காலையும் ஏழு மணிக்குப் போன் வந்தது, எப்படி இருக்கு என்றார். எல்லாம் நல்லாத்தான் இருக்கு சம்பந்தி, ஸ்கூட்டர் மட்டும் கொஞ்சம் சரியில்ல என்றேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு, உன் மாமியார், காலங்காத்தால என்ன சிரிப்பு, யாரு போன்ல என்று அதட்டுவது வரைக்கும் எனக்குக் கேட்டது.

பேத்தியைக் குளிரில் தலைக்குத் துணியில்லாமல் வெளியே விடாதே, மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல், நீயும் நேரத்துக்குத் தூங்கு. நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல், சிரித்த முகத்தோடு, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் உன் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். முக்கியமாக ஒன்று, நீ எழுதும் பதிலை எனக்குப் படித்துக் காட்டப்போவது உன் மாமியார்தான் என்பதை மறந்துவிடாதே, எல்லோரும் நலம் என்று மட்டும் எழுது, எனக்குப் புரியும். லீவுக்கு வரும்போது உங்களை அழைத்துப் போக நானே வண்டியில் வருவேன், நீ ஓட்டக் கேட்கக் கூடாது.

சொன்னது,
உன் அப்பா (கைநாட்டு).

எழுதியது எதிர்வீட்டுக் கண்டக்டர் மாமா. ஒரு தட்டு என்றால் நிறுத்த வேண்டும் என்பதுதான் இப்போதும் என் கட்சி.