சீட்டு கொண்டுவந்தவன்

சேசு மரி சூசை

குருசுக்குப்பம்,
புதுச்சேரி
8 ஏப்ரல் 2006

அன்புப் பேரன் பிரகாசுக்கு,

உன் ஆயா அகஸ்டினா எழுதுவது. நான் இருக்கிறேன். என் முட்டிவலி என்னைவிட நன்றாக இருக்கிறது. நேற்று உன் அம்மா நிர்மலா போனில் உன்னோடு அரைமணி நேரம் பேசிவிட்டு, ரிசீவரை என்னிடம் நீட்டும்போது உன் போன் கார்டு தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் என் முறை வரும்போதுதான் தீர்கிறது. அதையும் ஞாபகத்தில் வைத்திருக்கிறேன். அதனால்தான் கடிதம். கன்னியாஸ்திரிகளிடம் மூன்றாம் வகுப்புவரை படித்த எழுத்து. பிழை இருந்தால் அவர்களைக் கேள்.

நீ அங்கே என்ன வேலைதான் பார்க்கிறாய்? தெருவில் கேட்கிறார்கள். உன் அம்மா கம்ப்யூட்டர் என்கிறாள். உன் அப்பன் ஃபுட்பால் கம்பெனி என்கிறான். காலாப்பட்டு யுனிவர்சிட்டியில் அவ்வளவு செலவு பண்ணிக் கணக்குப் படித்தவன், பந்து பொறுக்கிப் போடவா கடல் தாண்டிப் போனான்? ஃபுட்பாலைப் பற்றி இந்த வீட்டில் யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். உன் தாத்தா தனிஸ்லாஸ் மில் டீமில் இடது பக்கம் ஆடியவர். பதினொரு வருஷம் அவர் பனியனில் ஒட்டிய சேற்றை அடித்துத் துவைத்தவள் நான்.

இந்தக் கவரை வாங்க போஸ்ட் ஆபீஸ்வரை நடந்தேன். முனைக்கடையிலேயே கிடைக்கும், தெரியும். கமலக்கண்ணன் கடையில் நான் ஒரு வெற்றிலைகூட வாங்க மாட்டேன் என்று உனக்கும் தெரியும். சின்ன வயதில் அங்கே போய்க் கமர்கட் வாங்கித் தின்று என்னிடம் முதுகில் வாங்கியவன்தானே நீ.

உண்மையை எழுது. உன் அம்மாவுக்கு எழுதுகிற மாதிரி எழுதாதே.

உன் ஆயா,
அகஸ்டினா


அமெரிக்கா
14 மே 2006

அன்புள்ள ஆயா,

உன் கடிதத்தை ஆபீஸில் எல்லாருக்கும் காட்டினேன். ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் யார்மேலோ கோபமாக எழுதியிருக்கிறார் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். பேனாவை அவ்வளவு அழுத்தியிருக்கிறாய்.

இந்த ஊர் ஃபுட்பால் வேறு. பந்து முட்டை மாதிரி நீளமாக இருக்கும். காலால் உதைப்பது அபூர்வம், கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் அதிகம். சிரிக்காதே. முப்பத்திரண்டு டீம்கள். ஒவ்வொரு ஏப்ரல் மாதமும், காலேஜில் நன்றாக ஆடிய பையன்களை டீம்கள் முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். ஏழு சுற்று நடக்கும். போன வருஷம் யார் அதிகம் தோற்றார்களோ அவர்களுக்குத்தான் முதல் முறை. ஜெயித்துக் கோப்பை வாங்கினவன் கடைசி. நாங்கள் போன வருஷம் நிறையத் தோற்றோம், அதனால் சீக்கிரமே எங்கள் முறை வந்தது.

குளிர்காலம் முழுக்க என் வேலை அந்தப் பையன்களின் ஓட்டம், எடை, பழைய அடிகள் எல்லாவற்றையும் கணக்கில் போட்டு, யார் எவ்வளவு பெறுவான் என்று சொல்வது. ஐந்தாம் சுற்றில் யாரும் கவனிக்காத ஒரு பையனை என் கணக்கைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். மேலதிகாரி என் தோளில் தட்டினார்.

இன்னொன்று, சம்பளம். எந்த டீமும் ஆட்டக்காரர்களுக்கு ஒரு அளவுக்குமேல் செலவழிக்கக் கூடாது. முதலாளி எத்தனை பெரிய பணக்காரர் ஆனாலும் எல்லாருக்கும் அதே உச்சவரம்புதான். பந்து வீசுகிற ஒருவருக்கே அதில் பெரும் பங்கு போய்விடும். மிச்சத்தில் மற்றவர்களைப் பிடிக்க வேண்டும். கோடையில் பயிற்சிக்கு எண்பது பேருக்குமேல் வருவார்கள். ஆட்டம் தொடங்கும்போது ஐம்பத்து மூன்று பேர்தான்.

நான் நன்றாக இருக்கிறேன். குளிருக்கு டேரில் என்கிற மூத்த ஆட்டக்காரர் கொடுத்த கோட்டு இருக்கிறது. வந்த புதிதில் நான் நடுங்குவதைப் பார்த்துத் தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தவர். எனக்கு அது பாதிரியார் அங்கி மாதிரி தொங்குகிறது.

உன் பேரன்,
லூர்துபிரகாஷ்


சேசு மரி சூசை

குருசுக்குப்பம்
18 ஜூன் 2006

அன்புப் பேரன் பிரகாசுக்கு,

தோற்றவன் முதலில் எடுக்கலாம் என்று எழுதியிருக்கிறாயே, அதை உன் அப்பனிடம் கொடுத்து இரண்டு தடவை உரக்கப் படிக்கச் சொன்னேன். அந்தச் சட்டம் போட்டவன் நன்றாக இருக்கட்டும். நம் ஊரில் பெரிய மில்காரன் கோப்பையையும் வாங்குவான், எங்கள் டீமில் நன்றாக ஆடுகிற பையனையும் கூலி கூட்டிக் காட்டித் தூக்கிக்கொண்டு போவான்.

சம்பள விஷயமும் புரிந்தது. பந்து வீசுகிறவன் வஞ்சிரம். அவனை வாங்கிவிட்டால் பையில் மிச்சமிருக்கிற காசுக்கு நெத்திலிதான் வரும். ஆனால் ஒரு துண்டு வஞ்சிரத்தை வைத்து எட்டுப் பேருக்குக் குழம்பு ஊற்ற முடியாது என்று உங்கள் முதலாளிக்குச் சொல்.

இப்போது நான் சொல்வதைக் கேள். எங்கள் மில் டீமில் பதினைந்து பேருக்குத்தான் இடம். ஆடுகிறவரை தறிக்கூடத்தில் பேர் இருக்கும், கூலி வரும். ஆட்டம் போனால் பேரும் போகும். எழுபத்தொன்றில் உன் தாத்தாவுக்கு முட்டி திரும்பிவிட்டது. கடலூரிலிருந்து ஒரு பையன் வந்திருந்தான். கூலி குறைச்சல், இரண்டு முட்டியும் சரி. டீமின் செயலாளர் கிருஷ்ணசாமி. பிரெஞ்சுக்காரன் மாதிரி முசே என்று கூப்பிடாவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் வீட்டில் கை நனைத்தவன். அவன் நேரில் வந்து, "தனிஸ்லாசு, என்னால ஒன்னும் பண்ண முடியல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அவனுக்கும் ஒரு தட்டு வைத்திருப்பேன். அவன் வரவில்லை. பேரை எடுத்துவிட்டதாக எழுதி, மில் ப்யூன் கமலக்கண்ணனிடம் ஒரு சீட்டைக் கொடுத்தனுப்பினான்.

மத்தியானம். அன்று காரப்பொடி மீன் குழம்பு. அந்தக் கமலக்கண்ணன் எதிரே பூவரச மரத்தடியில் நின்று எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். வெகு நேரம் நின்றான். ஒரு குடும்பம் கெடப்போவதை வேடிக்கை பார்க்க அத்தனை ஆசை. அப்புறம் வந்தான், சீட்டை நீட்டினான், வாயைத் திறக்காமல் போனான். உன் தாத்தா அந்த வீங்கின முட்டியோடு துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கினார்.

கிருஷ்ணசாமி செத்தபோது சவ ஊர்வலம் எங்கள் தெரு வழியாகத்தான் போனது. ஜன்னலைச் சாத்தினேன். இப்போது மிச்சமிருக்கிறவன் கமலக்கண்ணன். முனையில் கடை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

அது சரி, உங்கள் ஊரில் இடம் கிடைக்காமல் போகிறவர்களிடம் யார் போய்ச் சொல்வார்கள்? முதலாளி நேரில் போவாரா? இதற்கு மறக்காமல் பதில் எழுது. கோட்டு கொடுத்த மகராசனுக்காக மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறேன்.

உன் ஆயா


அமெரிக்கா
6 செப்டம்பர் 2006

அன்புள்ள ஆயா,

நீ கேட்ட கேள்விக்கு இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தேன். பதில் அப்போதே தெரியும்.

யார் போய்ச் சொல்வார்கள் என்று கேட்டாய். நான்தான் ஆயா.

எல்லா டீமிலும் இதற்கென்று ஓர் ஆள் உண்டு. பெரும்பாலும் ஆபீஸில் கடைசியாகச் சேர்ந்தவன். ஆட்டக்காரர்கள் தங்கியிருக்கும் ஹோட்டலில் காலையில் அறை அறையாகப் போய்த் தட்ட வேண்டும். "கோச் கூப்பிடறாரு, ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துட்டு வாங்க" என்று மட்டும் சொல்ல வேண்டும். டீமின் ஆட்ட உத்திகள் எழுதிய புத்தகம் அது, திருப்பிக் கேட்டாலே அவர்களுக்குப் புரிந்துவிடும். சிலர் திட்டினார்கள். ஒரு பையன் முகத்தில் சவர நுரையோடு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

கடைசிக் கதவு டேரிலுடையது. ஏப்ரலில் என் கணக்கைப் பார்த்து எடுத்த பையன் ஆடுவது டேரில் ஆடும் இடத்தில்தான். வருஷம் ஏற ஏற விதிப்படியே சம்பளம் ஏறும். டேரிலுக்குக் கொடுப்பதில் பாதிகூட அந்தப் பையனுக்கு வேண்டாம். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுத் தரச் சொன்னார்கள். போட்டுக் கொடுத்தவனும் நான்தான்.

கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்தார். எனக்கு வாய் வரவில்லை. "புத்தகம் மேசை மேல இருக்கு, நீயே எடுத்துக்கப்பா" என்றார். அவர் பையைக் கார்வரை தூக்கிக்கொண்டு போனேன். அதற்குமேல் செய்ய ஒன்றும் தெரியவில்லை.

வேறு யாருக்கும் இதை எழுதவில்லை. உண்மையை எழுது என்று நீதான் சொன்னாய்.

உன் பேரன்,
பிரகாஷ்


குருசுக்குப்பம்
30 செப்டம்பர் 2006

பிரகாசுக்கு,

கடிதம் கிடைத்தது.

சீட்டு கொண்டுபோகிற வேலைக்கா உன்னைக் கணக்குப் படிக்க வைத்தோம்? உன் தாத்தாவுக்கு வந்த சீட்டை நீ இன்னொருவன் வாசலுக்குக் கொண்டுபோயிருக்கிறாய். அதுவும் அந்த மனுஷன் உனக்குக் கொடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டா போனாய்? இல்லை, அதையாவது கழற்றி வைத்துவிட்டுப் போனாயா?

மாதா கோயிலில் நான் ஏற்றிய மெழுகுவத்தி யாருக்கு என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

இனிமேல் உன் அம்மா போனை நீட்டினால் நான் வாங்க மாட்டேன். கார்டு தீர்ந்துவிட்டது என்று உன்னிடம் சொல்லிவிடச் சொல்லியிருக்கிறேன்.

அகஸ்டினா


அமெரிக்கா
26 நவம்பர் 2006

அன்புள்ள ஆயா,

நீ கோபித்துக்கொண்ட பிறகு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முன் இரண்டுக்கும் பதில் இல்லை. அம்மாவிடம் கேட்டேன். "வாங்கிப் படிக்கிறாங்கடா. படிச்சுட்டுத் தலகாணிக்கு அடியில வெச்சுக்கிறாங்க. உன் பேரை எடுத்தா மட்டும் எழுந்து கொல்லைப் பக்கம் போயிடறாங்க" என்றாள். தலையணைக்கு அடியில் என்றால், எனக்கு இன்னும் ஜன்னலைச் சாத்தவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

அன்று கோட்டு போட்டுக்கொள்ளவில்லை. கோடைக்காலம்தான். குளிராக இருந்திருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்.

அன்று நடந்ததில் ஒன்றை எழுதாமல் விட்டிருந்தேன். டேரிலின் கதவை நான் உடனே தட்டவில்லை. உள்ளே அவர் தன் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தைக்கு முன்பல் விழுந்துவிட்டது போலிருக்கிறது. இந்த ஊரில் விழுந்த பல்லைத் தலையணைக்கு அடியில் வைப்பார்கள். எங்கே வைத்தாய், தலையணைக்கு அடியிலா, தொலைத்துவிடாதே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு முடியட்டும் என்று வெளியே நின்றேன். அந்த வழியாகப் போன ஓர் ஆட்டக்காரன் என்னைப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். கதவில் காது வைத்து ஒட்டுக் கேட்கிறேன் என்று நினைத்திருப்பான். அவனிடம் எதைச் சொல்வது? அங்கேயே நின்றேன்.

அப்போது உன் பூவரச மரம்தான் ஞாபகம் வந்தது. ஆயா, கமலக்கண்ணன் அவ்வளவு நேரம் அங்கே ஏன் நின்றார் என்று யாராவது அவரைக் கேட்டதுண்டா?

கோபித்துக்கொள்ள உனக்கு எல்லா உரிமையும் உண்டு. கேட்டுவிட்டுக் கோபித்துக்கொள்.

உன் பேரன்,
பிரகாஷ்


சேசு மரி சூசை

குருசுக்குப்பம்
10 டிசம்பர் 2006

அன்புப் பேரன் பிரகாசுக்கு,

இந்தக் கவர் எந்தக் கடையில் வாங்கியது என்று பார்த்தால் தெரியாது. அதனால் சொல்கிறேன். முனைக்கடை.

உன் கடிதம் வந்த அன்று, எனக்குப் புத்தி சொல்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டானா என்று கோபம்தான் வந்தது. மறுநாளும் கோபம்தான். அதற்கும் மறுநாள், கேட்டுவிட்டால் என் கோபம் என்ன குறைந்தா போய்விடும் என்று செருப்பை மாட்டினேன். உன் அம்மா பின்னாலேயே ஓடிவந்தாள், நான் அவனை அடிக்கப் போகிறேன் என்று நினைத்து.

கடையில் வேறு ஆள் இல்லை. கமலக்கண்ணனுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தே பழகினதால் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"வாங்கக்கா" என்றான். நேற்றுத்தான் வந்துபோனவளைக் கூப்பிடுவது போல.

"வாங்க வரல. கேக்க வந்தேன்."

"கேளுங்கக்கா."

"சீட்டு கொண்டாந்தியே அன்னிக்கு. மரத்தடியில நின்னுக்கிட்டு எங்க வாசலையே எதுக்குப் பாத்துக்கிட்டு இருந்த?"

எந்தச் சீட்டு, எந்த மரம் என்று கேட்பான் என்று நினைத்தேன். கேட்கவில்லை. தராசுத் தட்டை எடுத்துத் துண்டால் துடைத்தான். சுத்தமான தட்டைத்தான் துடைத்தான்.

"அண்ணன் சாப்ட்டுக்கிட்டு இருந்தாருக்கா. கையில சோறு இருக்கிறப்ப அதை எப்படி நீட்டறது? முடிக்கட்டும்னு நின்னேன். முடிக்கப்போற நேரம் பாத்து நீங்க மறுசோறு போட்டீங்க. அவரு போதும் போதும்னு கையைக் குறுக்க வெச்சாரு. நீங்க கேக்கல, வெரல் மேலயே போட்டீங்க. அவரு சிரிச்சாரு. இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்னு அந்தாண்ட மரத்தடிக்குப் போயி நின்னேன்."

பின்னால் நின்ற உன் அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

"காரப்பொடிக் கொழம்புதானே அன்னிக்கு?" என்றான். "வாசம் மரத்தடி வரைக்கும் வந்துச்சு."

"அப்ப வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசறதுக்கு என்னா?"

"என்னா பேசறது? முசே ஒன்னும் சொல்லியனுப்பல. நானா எதச் சொல்றது, சொல்லுங்க."

பிரகாசு, நான் எதையும் மறக்காதவள் என்று இந்தத் தெருவே சொல்லும். குழம்பு ஞாபகம் இருந்தது, மரம் இருந்தது, சீட்டின் நிறம்கூட இருந்தது. உன் தாத்தா கையைக் குறுக்கே வைத்ததும், விரல்மேல் சோறு விழுந்ததும், அவர் சிரித்ததும் எனக்கு இல்லை. சுத்தமாக இல்லை. அந்த வீட்டில் அவர் அப்படிச் சிரித்துச் சாப்பிட்டது அதுதான் கடைசி. அதை இத்தனை வருஷம் முனைக்கடையில் இவன் வைத்திருந்திருக்கிறான். நான் அந்தக் கடைக்கே போகவில்லை.

"ரெண்டு கவரு குடு" என்றேன். காசு வேண்டாம் என்றான். கல்லாமேல் வைத்துவிட்டு வந்தேன். இனாம் வாங்குகிற அளவுக்கு இன்னும் ஆகவில்லை.

கிருஷ்ணசாமியை நான் மன்னிக்கவில்லை. அதில் ஒரு மாற்றமும் கிடையாது. உங்கள் முதலாளியையும் அவன் பக்கத்தில்தான் சேர்த்திருக்கிறேன். நேரில் போகத் தெரியாதவர்கள்.

அந்த வேலையை விட்டுவிட்டு வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ வந்துவிட்டால் வேறொருவன் போய்த் தட்டுவான். அவன் நிற்பானோ மாட்டானோ. அதனால் இரு. அடுத்த வருஷம் தட்டப் போகும்போது முதலில் காது கொடு. உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நில். பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தால் நில். பார்க்கிறவன் என்ன நினைத்தாலும் நில். ஆனால் வாயை மூடிக்கொண்டு வராதே. மேலே இருந்து ஒன்றும் சொல்லியனுப்பாவிட்டாலும் நீயாக ஒரு வார்த்தை சொல்.

டேரிலுக்குக் கடிதம் எழுது. குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேள்.

கிறிஸ்துமஸ் அன்று போன் பண்ணு. முதலில் என்னிடம் கொடுக்கச் சொல். கார்டு தீர்வதாக இருந்தால் உன் அம்மா முறையில் தீரட்டும்.

உன் ஆயா,
அகஸ்டினா