மாப்பிள்ளைச் சாரை

தம்பி,

இன்று காலை நம் தெரு மளிகைக்கடை ருக்கு அக்கா உன் கோயில் பொங்கலைத் தொன்னையில் கொண்டுவந்தாள். கொடுத்தோம் போனோம் என்றில்லாமல், மடியிலிருந்து ஒரு பாலாடையை எடுத்து என் கண்ணுக்கு நேரே நீட்டினாள். அவள் பேரப்பிள்ளைகளுக்கெல்லாம் பால் புகட்டிய அதே பாலாடைதான். இப்போது வெள்ளி முலாம் பூசி, மூக்கில் குங்குமம் வைத்திருக்கிறார்கள். பொங்கலை நான் தொடவில்லை, வாசலில் வந்த நாய்க்கு வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, அது நன்றாகச் சாப்பிட்டது.

"ஆடி வெள்ளிக்குள்ள கல்லு நட்டுடலாம்னு கீறோம். தம்பி கடைசியா இன்னா வாக்கு சொல்லிச்சுன்னு உனுக்குத்தான் தெரியும். சொன்னீன்னா அத்த அப்படியே கல்லுல வெட்டிடலாம்" என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அவள் தெருமுனை தாண்டுகிற வரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். உனக்குக் கல்வெட்டு! அண்ணனூர் ரயில் ஷெட்டில் கிரீஸ் துடைத்துக்கொண்டிருந்த உனக்கு.

நம் வீட்டுக்கு ராசா வந்த நாள் ஞாபகமிருக்கிறதா? ஷெட்டில் பழைய இரும்புக் குவியலுக்கு அடியில் கிடைத்தது, அடித்துக் கொல்லப் பார்த்தார்கள் என்று கோணிப்பையில் ஒரு சாரைப்பாம்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாய். நான் ஆவடியில் சீருடை தைக்கிற வேலை முடிந்து, ரயிலில் நின்றுகொண்டே வந்து, அப்போதுதான் செருப்பைக் கழற்றியிருந்தேன். அப்பா அம்மா போனபின் அந்த வீட்டில் இருந்தது நாம் இரண்டு பேர்தான். மூன்றாவதாக இதைக் கூட்டி வந்தாயே என்று தலையில் அடித்துக்கொண்டேன். மின்விசிறி வந்த மரப்பெட்டிக்குக் கம்பி வலை அடித்து, உள்ளே ஒரு குண்டு பல்பு போட்டு, ராசாவுக்கு அரண்மனை என்றாய்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த நாட்களில் உன்னை எனக்குப் பிடித்திருந்தது. பாம்பைப் பற்றித் தெருவே கதை அளந்தபோது நீ ஒருவன்தான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னாய். நாக்கை நீட்டி நீட்டிச் சபிக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் பயந்தார். "அது மோந்து பாக்குது சார், மூக்கு மாதிரி" என்றாய். கழுத்தை உப்பிக்கொண்டு அடித்தொண்டையில் உறுமியபோது, எவ்வளவு கோபம் பார் என்றேன் நான். "கோவம் இல்லக்கா, பயந்துகினு கீது. நீ ரெண்டடி தள்ளி நில்லு, அடங்கிடும்" என்றாய். தள்ளி நின்றேன், அடங்கியது. உன் முழங்கையில் சுற்றிக்கொண்டு அது அசையாமல் கிடந்த ஒரு மார்கழிக் காலையில், பாசத்தைப் பார் என்று கிண்டல் செய்தேன். "பாசமாவது ஒண்ணாவது. அதுக்குக் குளுருது, என் கை சூடா கீது. அவ்ளோதான்" என்றாய். பாம்பிடம் அன்பை எதிர்பார்க்காமல் சோறு போட்டவன் நீ. அந்த மனிதன் எங்கே போனான் என்றுதான் இத்தனை வருடமாக எனக்குக் கேள்வி.

சட்டை உரிக்கப் போகிறபோது அதன் கண்ணில் சாம்பல் படர்ந்த மாதிரி ஒரு மங்கல் வரும். தீனி எடுக்காது, மூலையில் சுருண்டுகொள்ளும். அப்படி இருந்தபோது பெட்டியைத் துடைக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாய். "இப்ப அதுக்குக் கண்ணு தெரியாது, தோலும் புண்ணு மாதிரி கீது. உரிச்சு முடியிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது" என்று கத்தினாய். நான் தொடவில்லை. உன் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

அடுத்த தடவை கண் மங்கியது ஆடி மாதத்தில். அதுதான் வினை. ருக்கு அக்கா கடையை மூடிவிட்டு மோர்மிளகாய் கொடுக்க வந்தவள், பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, கண்ணு ரெண்டும் மேல சொருகிகினு கீது பாரு! சாப்புடுறாரா?"

"ஒரு வாரமா ஒண்ணும் தொடல" என்றாய் நீ.

"வெரதம்டா! ஆடி வெரதம்! சாரைதான நல்ல பாம்புக்கு ஆம்பள? வெள்ளானூர் ரோட்டாண்ட புத்துல கீற நாகாத்தம்மனுக்கு மாப்ள தேடி ஊட்டுக்கே வந்துகீறாருடா!"

சாரையும் நல்ல பாம்பும் ஜோடி என்பது எவ்வளவு பெரிய பொய் என்று எனக்கு அதற்கு முந்தின மாதம்தான் நீ சொல்லியிருந்தாய். இது வேற சாதி, அது வேற சாதி, பார்த்தால் நல்ல பாம்பு இதைத் தின்றாலும் தின்னும் என்றாய். இப்போது வாயைத் திறப்பாய் என்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ மோர்மிளகாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய்.

அந்த வாரமே தெரு உன்னைச் சாமி என்று கூப்பிட ஆரம்பித்தது. ஷெட்டில் டேய் என்பதற்கு மேல் ஒரு மரியாதை கிடைக்காத உனக்கு அது எப்படி இனித்தது! கண்ணாடி முன்னால் நின்று விபூதியைப் பட்டையாகப் போட்டுப் பார்த்தாயே, நான் பார்க்கவில்லை என்றா நினைத்தாய்? ராசாவை வெளியே எடுக்காதே, உரித்து முடிக்கட்டும் என்று கெஞ்சினேன். ஒரு மணி நேரம்தான், ஜனங்க ஆசைப்படறாங்க என்றாய். ஜனங்களாம்.

ஆடி வெள்ளியன்று ஒலிபெருக்கி கட்டி, வாழைமரம் கட்டி, புற்றுக்கு மஞ்சள் புடவை சுற்றி, ஒரு சாரைப்பாம்புக்குக் கல்யாணம் செய்த ஊர் உலகத்தில் நம்முடையதாகத்தான் இருக்கும். பட்டு வேட்டியில் ராசாவைத் தூக்கி வந்தாய். தொடவே கூடாத அந்த உடம்பில் மாலை போட்டாய். அது கழுத்தை உப்பி உறுமியது. "மாப்ள முறுக்கு!" என்று யாரோ கத்த, கூட்டம் சிரித்தது. கற்பூரத் தட்டை அதன் மூஞ்சிக்கு நேரே நீட்டினார்கள். பிறகு ருக்கு அக்கா பாலாடையோடு வந்தாள். மாப்பிள்ளைக்குப் பாலும் பழமும் கொடுக்க வேண்டுமாம். பழத்தை மட்டும் விட்டார்கள், அவ்வளவு புண்ணியம். நீயே தலையைப் பிடித்துக்கொண்டாய். அவள் ஊற்றினாள்.

கொஞ்ச நேரத்தில் அது தலையை உயரத் தூக்கி வாயைத் திறந்தது. மூடவில்லை. பாலும் நுரையும் ஒழுகின.

"வாக்கு! வாயத் தொறந்து வாக்கு சொல்றாரு!" என்று கூட்டம் குலவை போட்டது.

நான் உன்னைப் பார்த்தேன். நீயும் என்னைப் பார்த்தாய். வாயைத் திறந்துகொண்டு தலையைத் தூக்கினால் அதற்கு மூச்சு முட்டுகிறது, வேறு ஒன்றும் இல்லை என்று நீதான் சொல்லியிருந்தாய். அங்கிருந்த அத்தனை பேரில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர். தெரியாமல் செய்தவர்களை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன். நீ தெரிந்தே கைகூப்பினாய். "அம்மா சம்மதிச்சிட்டா" என்றாய்.

இரண்டொரு நாளில் ராசா செத்துப்போனது, பாதி உரித்த சட்டையோடு. ஐக்கியம் ஆகிவிட்டார் என்று சொல்லிப் புற்றோரம் புதைத்து, மேலே சாரையப்பர் கோயில் எழுப்பி, வெள்ளிக்கிழமைதோறும் குறி சொல்ல உட்கார்ந்தாய். உன்னைப் போல ஒரு கோழையை நான் பார்த்ததில்லை. பாம்புக்குப் பயப்படாதவன் கூட்டத்துக்குப் பயந்தாய். பயம்கூட இல்லை, ஆசை. அதன்பின் பத்து வருடம் உனக்குச் சோறு போட்டேன், மரியாதை போடவில்லை. உனக்கும் அது தெரியும். அதனால்தான் என் எதிரில் மட்டும் விபூதியைத் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்காருவாய்.

பிறகு உனக்கு நுரையீரல் கெட்டது. பீடியா, கற்பூரப் புகையா, டாக்டருக்கே தெரியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி உன் பக்தர்கள் வேலி மாதிரி நின்றார்கள். நீ தலையைத் தூக்கி வாயைத் திறந்தாய். மூடவில்லை.

"கம்முனு இருங்க, வாக்கு வருது" என்றாள் ருக்கு அக்கா, கையைக் கூப்பிக்கொண்டு.

உன் கண் கூட்டத்தில் என்னைத் தேடியது. எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல்.

"வாக்கும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! அவனுக்கு மூச்சு முட்டுது! நவுருங்கடி!"

இரண்டு பேரைப் பிடித்துத் தள்ளி, ஜன்னலைத் திறந்து, நர்ஸை இழுத்துவந்தேன். உனக்கு ஆக்சிஜன் முகமூடி மாட்டினார்கள். எல்லோரையும் வெளியே அனுப்பியபின் உன் முதுகைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ முகமூடியைக் கொஞ்சம் நகர்த்தினாய்.

"அக்கா, ராசாவுக்கும் இப்படித்தான இருந்திருக்கும்?"

"ஆமாண்டா" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் கை சில்லென்று இருந்தது, என் கை சூடாக இருந்தது. அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், முடியவில்லை. விடிவதற்குள் போய்விட்டாய்.

உன்னை இன்னும் மன்னிக்கவில்லை, தம்பி. ஆனால் தெருவில் யார் வாயைத் திறந்து தலையைத் தூக்கினாலும் முதலில் ஓடிப்போய்க் கூட்டத்தை விலக்குகிறவள் நான்தான். போன வாரம்கூட உன் கோயில் வரிசையில் ஒரு கர்ப்பிணிப் பெண் மயங்கினாள். அருள் வந்துவிட்டது என்று வேப்பிலை எடுத்தார்கள். பிடுங்கி எறிந்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தேன்.

ருக்கு அக்கா நாளைக்கு மறுபடி வருவாள். சாமியானபின் நீ சொன்ன ஒரே உண்மையான வாக்கு என்னிடம் இருக்கிறது. அதை அவளிடம் கொடுத்தால் கல்லில் வெட்டி, அந்தக் கல்லுக்கும் பாலாடையில் பால் ஊற்றுவாள். தூங்கும்போது போய்விட்டான், ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லப் போகிறேன்.

உன் அக்கா