பாலத்தடியில் தேய்த்த கற்கள்

பிப்ரவரி 2, திங்கள்

பெரிய பேரன் கப்பலில் இரண்டாவது எஞ்சினியர் ஆகிவிட்டான். நடுப்பேரனுக்குப் பல் டாக்டர் படிப்பில் இடம் கிடைத்தாயிற்று. முதலில் என் வாயில்தான் கை வைப்பானாம். இருக்கிற நாலைந்தையும் ஒளித்து வைக்க வேண்டும். மகள் வயிற்றுப் பேத்தி நீச்சலில் வாங்கிய கோப்பை, அவள் தலையைவிடப் பெரிது. கடைக்குட்டி வரைந்த யானை, பள்ளிக்கூட வாசலில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. எல்லோர் படமும் கூடத்துச் சுவரில் இருக்கிறது, கோட்டும் கோப்பையுமாக.

மகன் வயிற்று மூத்த பேத்தி, எங்கள் வாயாடி, அவள் படம் மட்டும் பழசு. இரட்டைச் சடை, முன்பல் இல்லை. வெளியூரில் தண்ணீரைப் பற்றிப் பெரிய படிப்பு படிக்கிறாள், படம் எடுத்துக்கொள்ள மட்டும் நேரமில்லை.

நேற்று போன் செய்தாள். இந்த மாதக் கடைசியில் நம் ஊர்ப் பெரிய மண்டபத்தில் சுற்றுச்சூழல் மாநாடாம். அதில் நடைவழியில் ஒரு தட்டி வைக்கப்போகிறாளாம், எந்த வாய்க்காலில் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்ற வரைபடத்தோடு.

"தட்டின்னா? பேசமாட்டியா?"

"யாராவது நின்னு கேட்டா பேசுவேன், பாட்டி."

இவள் பேசாமலிருந்தால்தான் அதிசயம். ஆனால் மாநாட்டுக்குள் என்னை விடுவார்களா?

பிப்ரவரி 5

நூலகத்து அறிவிப்புப் பலகையை முழுக்கப் படித்தேன். மரம் நடும் நாள். பழைய துணி மாற்றிக்கொள்ளும் சந்தை. பறவை பார்க்கும் நடை (காலில் ஷூ அவசியம்). வாய்க்கால் தன்னார்வலர் பயிற்சி, சனிக்கிழமை. அடுத்த சனிக்கிழமை வாய்க்கால் சுத்தம் செய்யும் விழா. அடியில் பொடி எழுத்தில்: பயிற்சி பெற்றவர்களுக்கு மாநாட்டில் அனுமதி உண்டு.

அங்கிருந்த பெண்ணிடம், படிப்பு எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். குனியத் தெரிந்தால் போதும் என்றாள். குனியத் தெரியும். நிமிர்வதற்குத்தான் கொஞ்சம் பேச்சுவார்த்தை நடத்த வேண்டும்.

பிப்ரவரி 7, சனி

பயிற்சிக்குப் போய் வந்தேன். நடத்திய பெண் கழுத்தில் விசில் தொங்கவிட்டிருக்கிறாள். அதனால் எனக்கு அவள் விசில் டீச்சர்.

வலையால் வாய்க்காலின் அடியை அளைந்து, ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டினார்கள். வெறும் சேறு என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் அசையாமல் பார்க்கச் சொன்னாள். பார்த்தால் — தட்டு முழுக்க நடமாட்டம். நத்தை. நூல் போல ஒரு சிவப்புப் புழு. பிறகு ஒரு சின்னக் குச்சி நடந்தது. குச்சி எப்படி நடக்கும்? கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். குச்சி இல்லை. பொடிக் கற்களாகப் பொறுக்கி ஒட்டி, அதையே சட்டையாகப் போட்டுக்கொண்டு போகிறது ஒரு புழு. தலையும் ஆறு காலும் மட்டும் வெளியே.

இது இருந்தால் தண்ணீர் நல்ல தண்ணீராம். கெட்டால் முதலில் காணாமல் போவது இதுதானாம்.

"பசை எங்கேர்ந்து கிடைக்குது இதுக்கு?" என்றேன்.

"அதோட வாயிலயே பட்டு மாதிரி நூல் வருது, பாட்டிம்மா."

"வளர்ந்தா சட்டை இறுக்குமே?"

"முன்பக்கம் இன்னும் கொஞ்சம் தைச்சுக்கும்."

என்ன சாமர்த்தியம். பெயர் ஏதோ நீளமாகச் சொன்னாள், வாயில் நிற்கவில்லை. நான் சட்டைக்காரன் என்று வைத்துக்கொண்டேன். இது என்ன தின்னும், எங்கே தூங்கும் என்று கேட்பதற்குள் விசில் ஊதிவிட்டாள்.

பிப்ரவரி 14, சனி

சுத்தம் செய்யும் விழா. ஊரே வந்திருந்தது. எனக்கு நடைபாலத்துக்குக் கீழே கொஞ்ச தூரம் ஒதுக்கினார்கள். தண்ணீர் கணுக்காலைத் தாண்டாது. பாலத்துக்குச் சற்று மேலே, தண்ணீர் வருகிற பக்கம், சலவைக் கடையின் பின்சுவர், அதிலிருந்து ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது.

மற்றவர்கள் பிளாஸ்டிக்கைப் பொறுக்கிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. நாளைக்கு வாயாடி தன் வரைபடத்துக்காக வந்து இங்கேதான் வலை போடப்போகிறாள். ஆள் வருகிறதென்றால் வீட்டைக் கூட்டித் துடைக்காமலா இருப்போம்? அழுகிய இலையை எல்லாம் வாரினேன். கல்லெல்லாம் பச்சைப் பாசி, வழவழவென்று. வீட்டிலிருந்து பிரஷ் கொண்டுபோய் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். சோப்பு கூடாது என்று பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். தொடவில்லை.

முடித்தபோது கல்லெல்லாம் இட்லித் தட்டு மாதிரி பளபளத்தது. இடுப்புதான் இல்லை.

பிப்ரவரி 15

வாயாடி வந்தாள், இளைத்திருக்கிறாள். விசில் டீச்சரும் கூட. குழாய்க்கும் மேலே வலை போட்டார்கள்: சட்டைக்காரர்கள் ஏழெட்டுப் பேர். பாலத்துக்குக் கீழே: ஒன்றுமில்லை. மறுபடி போட்டார்கள். ஒரு நத்தைகூட இல்லை.

இரண்டு பேரும் நிமிர்ந்து அந்தக் குழாயைப் பார்த்தார்கள்.

சலவைக் கடைக்காரரா இப்படி? என் கம்பளியை எத்தனை பக்குவமாக வெளுத்துக் கொடுப்பார்.

பிப்ரவரி 18

வாயாடிக்கு மேடை கிடைத்துவிட்டது. ஒரே குழாய், மேலே உயிர், கீழே சூனியம் — இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை என்று மாநாட்டுக்காரர்கள் சொன்னார்களாம். சிவப்புப் புள்ளி வைத்த வரைபடத்தோடு, பெரிய திரையில், முதல் நாளே.

சுவரில் ஆணி அடித்தேன். "படம் வந்தப்புறம் அடிக்கலாமேம்மா" என்றான் மகன். வராமல் எங்கே போகும்?

பிப்ரவரி 20

பேச்சு ஊருக்குள் பரவிவிட்டது, சலவைக் கடைக்கு வாடிக்கைக்காரர் ஒருவரும் வரவில்லை. கதவில் யாரோ ஒட்டியிருக்கிறார்கள்: வாய்க்காலைக் கொன்ற கடை. அவர் அதைக் கிழிக்கவில்லை. ஏன் என்றேன்.

"கிழிச்சா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்மா. அந்தக் குழாய் மொட்டைமாடி மழைத்தண்ணி. துவைக்கிற தண்ணி எல்லாம் தெருச் சாக்கடைக்குத்தான் போகுது. திறந்து காட்டறேன்னு சொன்னேன், யாரு வர்றா?"

உண்மையாக இருக்குமா? அப்படியானால் சட்டைக்காரர்கள் எங்கே போனார்கள்?

பிப்ரவரி 22, ஞாயிறு

அந்தக் கேள்வி விடவில்லை. காலையில் ஷூ மாட்டிக்கொண்டு போனேன். மருமகள், "அத்தை, மறுபடியும் வாய்க்காலா? அங்க ஏதாவது வீடு வாங்கிட்டீங்களா?" என்றாள்.

பாலத்துக்குக் கீழே என் கற்களைப் புரட்டினேன். வெறுமை. இன்னும் கீழே போனேன், வளைவு தாண்டி. அங்கே யாரும் சுத்தம் செய்யவில்லை, முள்புதர். ஒரு கல்லைத் திருப்பினேன்.

இருந்தான். ஒருத்தன் இல்லை, வரிசையாக. பாசியை மேய்ந்துகொண்டிருந்தார்கள், புல்வெளியில் மாடு மேய்கிற மாதிரி.

குழாய்த் தண்ணீர் விஷம் என்றால் அது இந்த வழியாகத்தானே வர வேண்டும்? இவர்கள் எப்படி உயிரோடு? நடுவில் என் இடம் மட்டும் ஏன் —

பாசியை மேய்கிறார்கள். இலையடியில் ஒளிகிறார்கள். என்ன தின்னும், எங்கே தூங்கும் என்று அன்றைக்குக் கேட்க நினைத்தேனே, அதற்குப் பதில்.

நான் என்ன பண்ணேன்? சோத்தையும் வாரி, கூரையையும் வாரி, பளபளன்னு தேச்சு வச்சிட்டு, ஆளக் காணோம்னு நின்னுருக்கேன். நானேதான்.

கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிப்ரவரி 23

சொன்னால் மேடை போய்விடும். சொல்லாவிட்டால் அந்த மனிதருக்குக் கடை போய்விடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருந்தும் பகல் முழுக்க யோசித்தேன். சுவர்ப்பக்கம் பார்க்காமலே துணி மடித்தேன்.

பிப்ரவரி 24

சொல்லிவிட்டேன். போனில்.

பிரஷிலிருந்து வளைவு வரைக்கும், ஒரே மூச்சில்.

"பிரஷ் போட்டா தேய்ச்ச?" என்றாள்.

"ஆமாடி கண்ணு."

"எல்லாக் கல்லையுமா?"

"அடிப்பக்கமும்."

"பாட்டி, சனிக்கிழமை பேசணும். இன்னைக்கு வந்து சொல்ற."

"இன்னைக்குத்தானே தைரியம் வந்துச்சு."

"வளைவுல இருந்ததுன்னு நிச்சயமா தெரியுமா? வேற பூச்சியா இருந்தா?"

"அவன் சட்டையை எனக்குத் தெரியாதா?"

வைத்துவிட்டாள். வைக்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. இந்த வீட்டில் யாரும் அப்படி வைத்ததில்லை.

பிப்ரவரி 25

மதியம் வாசலில் பை விழுகிற சத்தம். வாயாடி. பஸ்ஸிலேயே வந்திருக்கிறாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஷூ போடு" என்றாள்.

மூன்று இடத்திலும் வலை போட்டாள். மேலே: இருக்கிறார்கள். என் இடத்தில்: இல்லை. வளைவில்: மேலே இருப்பதைவிட அதிகம். தட்டில் இருந்தவர்களை இரண்டு தரம் எண்ணினாள்.

"நான் வளைவு வரைக்கும் போயே பார்க்கலை, பாட்டி. குழாயைப் பார்த்ததும் முடிவு பண்ணிட்டேன்."

"நானும் அழுக்கைப் பார்த்ததும் முடிவு பண்ணிட்டேன்."

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

நேரே சலவைக் கடைக்குப் போனோம். அவர் குழாய் மூடியையெல்லாம் திறந்து காட்டினார். சொன்னபடிதான் இருந்தது. நான் என் வேலையைச் சொன்னேன். கேட்டுவிட்டு இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார்.

"தேய்க்கிற வேலை என்னோடதும்மா. நீங்க எதுக்குப் போட்டிக்கு வந்தீங்க?"

சிரித்தார் என்று சொல்ல முடியாது. திட்டினார் என்றும் சொல்ல முடியாது. வாயாடி தன் கையாலேயே கதவிலிருந்த காகிதத்தைக் கிழித்தாள். பசை விடவில்லை, நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள்.

பிப்ரவரி 26

மேடை போயிற்று. இவளே மாநாட்டுக்குப் போன் செய்து, சிவப்புப் புள்ளி தவறு என்று சொன்னாள். அந்த நேரத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். பழையபடி தட்டிதான், அதுவும் கேன்டீன் கதவோரம்.

நான் அழுதேன். அவள், "விடு பாட்டி, சாப்பிட வர்றவங்க எல்லாரும் அந்த வழியாத்தான் போகணும்" என்றாள். குரல் சரியாக இல்லை.

பிப்ரவரி 28, சனி

மாநாடு. கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு போனேன்: தன்னார்வலர். அனுமதி கேட்கிற இடத்தில் யாருமே கேட்கவில்லை. நானே தூக்கித் தூக்கிக் காட்டினேன்.

தட்டியில் வாயாடி புதிதாக எழுதியிருந்தாள்: சுத்தமான கல்லில் யாரும் குடியில்லை. அதன் கீழே மூன்று இடத்தின் படம், என் இடம் நடுவில். முதலில் யாரும் நிற்கவில்லை. காபிக் கோப்பையோடு கடந்து போனார்கள். பிறகு வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல் ஒருவர் வந்தார். சலவைக் கடைக்காரர். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இந்தக் குழாய் என்னோடதுங்க" என்று படத்தில் விரல் வைத்தார். உடனே நாலு பேர் நின்றார்கள்.

அதற்கப்புறம் கூட்டம். வேறு ஊரில் வாய்க்கால் விழா நடத்துகிற ஒருவர், "நாங்களும் வருஷா வருஷம் அடியெல்லாம் சுரண்டி எடுக்கிறோமே" என்று தலையில் கை வைத்தார். எதை எடுக்கலாம், எதை விட வேண்டும் என்று கேட்டார். வாயாடி சொன்னாள், நடுநடுவே நான். விசில் டீச்சர் வந்து, இனிமேல் பயிற்சியில் சட்டைக்காரன் என்ன தின்பான் என்பதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன் என்றாள். விசிலைக் கழற்றி வைத்தால் இன்னும் கொஞ்சம் கேள்வி கேட்கலாம் என்றேன்.

கடைசியில் யாரோ என்னையும் வாயாடியையும் சலவைக் கடைக்காரரையும் தட்டி முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள்.

மார்ச் 8

சலவைக் கடையில் வரிசை. என் கம்பளிக்கு இரண்டு நாள் பொறுக்க வேண்டுமாம். பொறுக்கிறேன்.

மார்ச் 15

என் கற்களில் லேசாகப் பச்சை. தொடவில்லை. கை துறுதுறுவென்கிறது, பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

மார்ச் 22, ஞாயிறு

வந்துவிட்டான். பாலத்துக்குக் கீழே, இரண்டாவது கல்லின் அடியில், ஒருத்தன். சின்னவன், சட்டை இன்னும் முழுசாகத் தைத்து முடியவில்லை. மேலேயிருந்து தண்ணீரோடு வந்திருப்பான். கல்லை எடுத்த மாதிரியே திருப்பி வைத்தேன்.

கடைக்குள் தலையை நீட்டிச் சொன்னேன். அவர் இஸ்திரியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் வாயாடிக்குப் போன். அவள் சத்தம் போட்டதில் பக்கத்து அறை மருமகள் எட்டிப் பார்த்தாள். படம் எடுத்தாயா என்று வாயாடி கேட்டாள். அவனை எப்படி எடுப்பது, எனக்குக் குனிந்து நிமிரவே நேரம் சரியாக இருந்தது என்றேன். பிறகு என் விஷயத்தைச் சொன்னேன்.

ஆணி அடித்து ஒரு மாதமாகிறது, சும்மா நிற்கிறது. மேடைப் படம் இல்லாவிட்டால் போகட்டும். கேன்டீன் கதவோரம் நாம் மூன்று பேரும் நின்ற படத்தைப் பெரிதாகப் போடு. போனில் அனுப்பாதே, போனைச் சுவரில் மாட்ட முடியாது. தபாலில் அனுப்பு, மடங்காமல், அட்டை வைத்து.