தனத்துக்குக் கொண்டுபோன சீர்

ஜனவரி 8, வியாழன். திண்டிவனம்

பனி. எட்டு மணி வரை எதிர்வீடு தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்து அலுத்தது.

நாத்தனார் தனத்துக்குச் சீர் கொடுப்பதை நான் நிறுத்திவிட்டதாகத் தெருவில் பேச்சு. பொய். தீபாவளிக்கு விழுப்புரம் போகவில்லை, அது உண்மை. வலது கண்ணில் புரை எடுத்து ஆறு நாள் ஆகியிருந்தது. குனியக்கூடாது, சுமை தூக்கக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. புடவை பார்சலில் போனது. ரசீது இருக்கிறது. ஆவணியில் இரண்டு முறை, கார்த்திகையில் ஒரு முறை நேரில் போய்ப் பார்த்தேன்.

செய்தி கொண்டுவந்தவள் எதிர்வீட்டு ராணி. "அந்த நோவு வந்ததிலேருந்து போஸ்டாபீஸம்மா நாத்தனார் வூட்டுப் பக்கமே போறதில்லன்னு சொல்லிக்கினு இருக்காங்கம்மா. நான் சொல்லல, சொல்றாங்க." ராணி ‘சொல்றாங்க’ என்றால் ராணி சொல்கிறாள் என்று பொருள். போஸ்டாபீஸம்மா நான்தான்; ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அந்தப் பெயர்.

வேலை நடக்கவில்லை. சாம்பாரில் உப்பு இரண்டு முறை.

ஜனவரி 9, வெள்ளி

வெயில் நேரத்தோடு வந்தது. போர்வைகள் மாடியில்.

தனத்திடம் போனில் பேசினேன். மாத்திரை சாப்பிட்டால் உடம்பு கொதிக்கிறதாம். மார்கழிக் குளிரில் ஃபேன் போட்டு அதன் கீழே உட்கார்ந்திருக்கிறாள். வேலாயுதம் (அவள் கணவர்) குல்லாவும் கம்பளியுமாகப் பக்கத்தில். "பனிமலைக்கு டூர் வந்தவரு மாதிரி இருக்காரு அண்ணி, ஒரு போட்டோதான் எடுக்கல."

இரண்டு வருடம் முன் அவளுக்கு மார்பில் புற்றுக்கட்டி, அறுவை. போன ஆடியில் எலும்பில் தெரிகிறது என்றார்கள். அன்று அவள் சொன்னது அப்படியே: "இது போவாதாம் அண்ணி. சக்கரை மாதிரி கூடவே வச்சிக்கினு மருந்து சாப்பிடணுமாம். வாடகைக்கு வந்தவன் காலி பண்ணமாட்டேன்னு உக்காந்துக்கினான்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

தினம் மாத்திரை. மாதம் ஒரு முறை புதுச்சேரியில் எலும்புக்கு ஊசி.

மாலை கோவிந்தன் போன். என் கணவருடைய சித்தப்பா மகன். "இந்த வருசம் கொறை வெக்காதீங்க அண்ணி. அடுத்த பொங்கலுக்கு யாரு கண்டது." நாவை அடக்கு என்றேன். போனை வைத்த பிறகு அவன் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 10, சனி

எப்போதும் கொண்டுபோவது:
மண்பானை 1
பச்சரிசி, வெல்லம், பாசிப்பருப்பு
கரும்பு 2
மஞ்சள் கொத்து 1
தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு
நூல் புடவை

இன்று வாங்கியது: வெண்கலப் பானை. கரும்பு ஒரு கட்டு. தாம்பாளம் ஏழு. வேலாயுதத்துக்கு வேட்டி சட்டை. தனத்துக்கு அரக்கு நிறத்தில் பட்டு, தங்கச் சரிகை.

கடைக்காரர், "வீட்ல விசேஷமாங்க?" ஆமாம் என்றேன்.

ஜனவரி 11, ஞாயிறு

கா. 7.30 வாடகைக் கார். வருடா வருடம் பேருந்துதான். கரும்பை உள்ளே விட மாட்டேன் என்று நடத்துநர் சண்டை பிடிப்பார், நான் ஆங்கிலத்தில் பேசுவேன், விட்டுவிடுவார். இந்த வருடம் கார். ராணி வாசலில் நின்று பார்த்தாள். தாம்பாளங்களை மெதுவாக ஏற்றுங்கள் என்று டிரைவரிடம் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும்.

விழுப்புரம். தனம் வாசலுக்கு வந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான், ஆனாலும் வந்தாள். காரைப் பார்த்தாள். ஏழு தாம்பாளத்தையும் பார்த்தாள். முகம் மாறியதை நான் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

கூடத்தில் பரப்பி வைத்தேன். கையில் வாங்கிக்கொள் என்றேன். அவள் பட்டின் ஓரத்தை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"யாரு சொன்னது அண்ணி உங்களுக்கு?"

"என்ன?"

"நாள் குறிச்சிட்டாங்கன்னு."

"என்ன பேச்சு இது?"

"நாப்பது வருசமா நூல் பொடவை. இந்த வருசம் பட்டு. கோடிய இப்பவே கொண்டாந்துட்டீங்க. நல்லதுதான், அப்புறம் ஜல்தியில கடைகடையா அலைய வேணாம் பாருங்க."

செத்த பெண்ணின் மேல் கடைசியாகப் போர்த்தும் புதுப்புடவை பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். எங்கள் வழக்கம். தெரியாதவள் இல்லை நான். என் மாமியாருக்கு அவர் பிறந்த வீட்டுக் கோடியைப் பிரித்துக் கொடுத்தது இந்தக் கைதான். கடையில் நின்றபோது எப்படி நினைவு வரவில்லை.

சீரை அவள் தொடவில்லை. காபி கொடுத்தாள். சர்க்கரை சரியாக இருந்தது. சீரைத் திருப்பி எடுத்து வரக்கூடாது; விட்டுவிட்டு வந்தேன். வரும் வழியில் டிரைவர் ஏதோ பேசினார்.

ஜனவரி 13, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. எழுத எதுவுமில்லை.

இன்று இது மட்டும். என் கணவர் இறந்த வருடம். அடுத்த பொங்கலுக்கு சீர் எடுத்துப் போக ஆள் இல்லை. மகன் அயல்நாட்டில். தாலி இழந்தவள் சீர் தூக்கக்கூடாது என்று உறவில் நாலு பேர். நான் இரண்டு கரும்போடு பேருந்து ஏறினேன். பானையை வாசலிலேயே வைத்துவிட்டு நகர்ந்து நின்றேன். தனம் பானையை எடுத்து என் கையில் திருப்பிக் கொடுத்து, "கையில குடுங்க அண்ணி. எங்க அண்ணன் கை இல்லன்னா உங்க கை," என்றாள். எல்லோரும் கேட்கும்படி. அந்த நாலு பேரும் அங்கேதான் இருந்தார்கள்.

ஒன்பது வருடம் அப்படித்தான்.

ஜனவரி 14, புதன். போகி

விடிகாலையில் தெரு முழுக்க டயர் புகை. சன்னல் சாத்தினேன். நான் எரித்தது: பழைய துடைப்பம், கிழிந்த கோரைப்பாய், கண் டாக்டரின் பழைய சீட்டு. கடைசியை எரித்திருக்கக்கூடாது.

ராணி: "சீரு பிரமாதமா எடுத்துக்கினு போனீங்களேம்மா. அவங்க என்ன சொன்னாங்க?" சந்தோஷப்பட்டாள் என்றேன். போகியன்று பொய்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

குக்கரில் ஒரு ஆழாக்கு. பொங்கி வழியாத பொங்கல். அவருடைய படத்துக்கு முன் வைத்தேன்.

தனம் வீட்டில் பானை பொங்கும்போது போன் வரும். அவள் போனைப் பானைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பொங்கலோ பொங்கல் என்று கத்துவாள். காது அடைத்துப்போகும். ஒவ்வொரு வருடமும் கண்டித்திருக்கிறேன்.

ஒன்பதே கால் வரை போன் மேசை மேல். வரவில்லை. பிறகு பாத்திரம் கழுவப் போனேன்.

ஜனவரி 16, வெள்ளி. மாட்டுப் பொங்கல்

தலைவலி. தெருவில் மாடே இல்லை, பையன்கள் பைக்குக்கு மாலை போட்டிருக்கிறார்கள்.

மா. 4 வேலாயுதம் போன். மாடியிலிருந்து தணிந்த குரலில்.

"அக்கா, கோச்சிக்காதீங்க. நேத்து பழைய அலுமினிய குண்டானுல பொங்கல் வச்சா. நீங்க கொண்டாந்தது கூடத்துல அப்படியே கெடக்குது. நானும் தாண்டித் தாண்டிப் போய்க்கினு இருக்கேன்."

"சாப்பிடுகிறாளா?"

"கேப்பைக் கூழ் குடிக்கிறா. மல்லாட்டை அவிச்சிக் குடுத்தா நாலு கடலை திங்கிறா. அது இல்லக்கா. இருபத்து மூணாந்தேதி ஊசி. போவலன்றா."

"ஏன்?"

மாடிக் கதவைச் சாத்தும் சத்தம்.

"‘பொறந்த வூட்லயே முடிவு பண்ணிட்டாங்க, இன்னும் எதுக்கு எலும்புல குத்திக்கினு’ன்னு கேக்கறாக்கா."

நாளைக்கு நான் வருவதை அவளிடம் சொல்லாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

கோவிந்தன் மேல் பழி போடலாம். ராணி மேல் போடலாம். ஊர் வாயை அடைக்க வேண்டும் என்று வாங்கியது நான். நான் படித்த கான்வென்ட் பள்ளியில் சிஸ்டர் சொல்வார், தப்பைச் சிவப்பு மையால் அடித்தால் போதாது, சரியானதைப் பக்கத்தில் எழுது என்று.

கடைக்குப் போனேன். மண்பானை. கரும்பு 2. மஞ்சள் கொத்து கடைசி ஒன்று, வாடல். பச்சை நூல் புடவை, மெல்லிய கரை.

ஜனவரி 17, சனி. காணும் பொங்கல்

பேருந்தில் திருநாள் கூட்டம். நடத்துநர்: "பொங்கல் முடிஞ்சி கரும்பு எங்கம்மா எடுத்துக்கினு போறீங்க?" வழியெல்லாம் ஒரு வாக்கியத்தை மனத்தில் திருத்திக்கொண்டே போனேன். விக்கிரவாண்டி வருவதற்குள் நாலு முறை மாறிவிட்டது.

தனம் கதவைத் திறந்தாள். பானையைப் பார்த்தாள்.

"இது யாருக்கு?"

"உனக்கு. போன ஞாயிறு கொண்டுவந்தது உனக்கு இல்லை. தெருவுக்குக் காட்டக் கொண்டுவந்தது. நான் சீர் நிறுத்திவிட்டேன் என்று பேசினார்கள். அவர்கள் பார்க்க வேண்டும் என்று வாங்கினேன். தப்பு."

தப்பு என்ற சொல்லைச் சத்தமாகச் சொன்னேன். பேருந்தில் திருத்திய வாக்கியம் இது இல்லை.

"யாரு பேசனது?"

"எதிர்வீட்டு ராணி."

"எதுத்த வூட்டு ராணிக்கு காட்டறதுக்கு எனக்குப் பட்டா?" வேலாயுதத்தைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுக்கினீங்களா. எங்க அண்ணி ரோசத்துக்கு நான் சாவறதுக்கு இருந்தேன்."

அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். "நோவு வந்ததிலேருந்து வர்றவங்க எல்லாம் ரெண்டு மடங்கு வாங்கிக்கினு வர்றாங்க அண்ணி. ஸ்வீட்டு ரெண்டு கிலோ, பழம் ஒரு கூடை. வாசல்ல நின்னு மூஞ்சிய அப்படி வச்சிக்கினு. நீங்க மட்டும் எப்பவும் போல வருவீங்கன்னு இருந்தேன். எப்பவும் போல கொற சொல்லிக்கினு."

சமையலறைக்குப் போனேன். உப்பு ஜாடி திறந்தே கிடந்தது. மேடையில் மூன்று நாள் எண்ணெய்ப் பிசுக்கு. ஜாடியை மூடாமல் வைத்தால் உப்பு நீர்க்கும் என்று எத்தனை முறை சொல்வது, இந்தத் துணியை அடுப்புத் துடைக்கவும் வைத்திருக்கிறாயா தட்டுத் துடைக்கவும் வைத்திருக்கிறாயா என்று அங்கிருந்தே கேட்டேன். கூடத்தில் அவள் சிரிக்கும் சத்தம். இடுப்பு வலிக்குது, சிரிக்க வெக்காதீங்க என்றாள்.

மண்பானையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மடியில் வைத்துத் தட்டிப் பார்த்தாள். பொங்கல் முடிந்துபோனாலும் நாளைக்கு இதில் வைக்கிறேன் என்றாள். பச்சைப் புடவைக்கு: "இந்தக் கலரு போன வருசமே குடுத்தாச்சி." பார்த்தால் உண்மை. என் பட்டியலில் குறிக்கவில்லை.

ஊசியைப் பற்றிக் கேட்டேன். "பாக்கலாம்." இரண்டாம் முறையும் பாக்கலாம். மூன்றாம் முறை கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும். பட்டு பீரோவுக்குப் போய்விட்டது.

கிளம்பும்போது ஒரு பை வேகவைத்த மல்லாட்டை. பேருந்தில் பாதி தின்றுவிட்டேன்.

ஜனவரி 18, ஞாயிறு. தை அமாவாசை

மேல்மலையனூர்க் கோயில் கூட்டம் காலையிலிருந்தே பேருந்து நிலையத்தில். அவருக்குப் படையல் முடித்து, காக்கைக்கு வைத்து, மணி ஒன்று.

போனில் கேட்டால் இன்னொரு பாக்கலாம். அதனால் கடிதம். நாளை காலை போட்டால் செவ்வாய்க்கிழமைக்குள் கிடைத்துவிடும், வெள்ளிக்கிழமை ஊசிக்கு முன்னால். நகல் இங்கே.

தனம்,

வீடு வந்து சேர்ந்தேன். மல்லாட்டையில் உப்பு குறைவு.

பட்டைப் பீரோவில் பூட்டி வைக்காதே. வைகாசியில் வளவனூரில் உன் மைத்துனர் வீட்டுக் கல்யாணம் வருகிறது. கட்டிக்கொண்டு போ. சாப்பாட்டில் குழம்பு சிந்தினாலும் பரவாயில்லை. திரும்பி வந்ததும் தண்ணீரில் அலசிப் போடு. ஒரு முறை கட்டி நனைத்த புடவையை யாரும் கோடியாகப் போர்த்த முடியாது. அதற்குப் பிறகு அது உன் புடவை, அவ்வளவுதான்.

உன் அண்ணன் வீட்டில் யாரும் எதையும் முடிவு செய்யவில்லை. நான் உனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவள். வரிசைப்படி பார்த்தால் என் முறை முதலில். வரிசையை மாற்ற உனக்கு அனுமதி இல்லை.

வெள்ளிக்கிழமை ஊசிக்குப் போகிறாயா? போகிறாய் என்றால் காலை எட்டு மணிக்கு விழுப்புரம் பேருந்து நிலையத்தில் நிற்பேன், மூன்று பேருமாகப் போகலாம். அடுத்த பொங்கலுக்கு நூல் புடவை எந்த நிறம்?

இரண்டுக்கும் பதில் எழுதி, வேலாயுதத்திடம் சொல்லி அன்றே தபாலில் போடு.