தகைவிலான் குடியிருக்கும் வீட்டிலிருந்து

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளடி. தாரா இப்போதுதான் தூங்கினாள். செந்திலுக்குக் காலையில் சான் ஹோசேயில் மீட்டிங், அவரும் படுத்துவிட்டார். முன்பெல்லாம் நான் இப்படிச் சமையலறையில் தனியாக உட்காரும் நேரத்துக்கு உனக்கு ஜெர்மனியில் விடிந்திருக்கும். காபி போட்டுக்கொண்டே பேசுவாய். அந்தப் பழக்கத்தில்தான் உட்கார்ந்துவிட்டேன். நீ போன பிறகு உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை.

வீடு முழுக்கப் பெயின்ட் வாடை. அபார்ட்மென்ட்டுக்கு வெளிப்பூச்சு அடிக்கிறார்கள், இன்றைக்கு எங்கள் பால்கனியின் முறை. மூன்று வருடமாகச் சுவரில் இருந்த மஞ்சள் கறை மேல் உருளையை இரண்டு தடவை ஓட்டினார்கள், போயே போய்விட்டது. உனக்கு அந்தக் கறையைத் தெரியும். பார்த்துப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாயே, அதேதான். சுவர் சுத்தமானதும் எனக்கு உன்னிடம் பேச வேண்டும் போல இருந்தது.

தாரா பிறந்து வந்த முதல் வசந்தம். குறைமாதக் குழந்தை. நுரையீரல் கொஞ்சம் பலவீனமாக இருக்கிறது, கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் போகிற போக்கில் சொன்னதை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு யார் வந்தாலும் கை கழுவிவிட்டுத்தான் உட்கார வேண்டும். செந்தில் ரயிலில் வந்த சட்டையோடு அவளைத் தூக்கக் கூடாது. அந்த நேரம் பார்த்து இரண்டு குருவிகள் வாயில் சேற்றை உருட்டிக்கொண்டு வந்து பால்கனி விளக்குக்கு மேலே அப்ப ஆரம்பித்தன. டிவியைப் போட்டால் பறவைக் காய்ச்சல். நீ இருந்த நாட்டின் கடலோரத்தில் அன்னங்கள் செத்துக் கிடப்பதையும், வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்டவர்கள் அவற்றைப் பையில் போட்டு எடுத்துப் போவதையும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

"அந்தக் கூட்டைத் தட்டி விட்ருங்க," என்றேன் செந்திலிடம்.

"நானா? கைக்குழந்தை இருக்கற வீட்ல யாராவது குருவிக் கூட்டைக் கலைப்பாங்களா? வேற ஆளப் பாரு," என்று லேப்டாப்பைத் திறந்துகொண்டார்.

சாஃப்ட்வேர் எஞ்சினியர் பேசுகிற பேச்சா இது என்று சண்டை போட்டேன். பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். சென்னையிலிருந்து பெட்டியில் வந்த டெட்டாலில் இரண்டு மூடி, மஞ்சள் பொடி தாராளமாக, மீதிக்குத் தண்ணீர். ஸ்ப்ரே பாட்டிலில் போட்டுக் குலுக்கி, கூட்டுக்குக் கீழே சுவர் முழுக்க அடித்துவிட்டேன். கிருமிக்கு மஞ்சளை விட்டால் வேறு என்ன இருக்கிறது? வெளுப்பான சுவர் என்ன ஆகும் என்று தோன்றவே இல்லை.

கீழ்வீட்டுக்காரர் புகார் சொல்லி, அபார்ட்மென்ட்டை வாடகைக்கு விடுகிற லீசிங் ஆபீஸ் பெண்மணி வந்து நின்றாள். "வாட் இஸ் திஸ்?"

நான் வாயைத் திறப்பதற்குள் செந்தில், "இட்ஸ் எ கல்ச்சுரல் திங்," என்றார். "ஃபார் குட் லக்."

அவள் மெதுவாக மேலே பார்த்தாள். கூட்டின் விளிம்பில் கருநீலமாக ஒரு வால் நீட்டிக்கொண்டிருந்தது. "ஓ... ஃபார் த பேர்ட்ஸ்?" என்று மார்பில் கை வைத்துக்கொண்டாள். பறவை வந்ததற்கு நாங்கள் மஞ்சள் தெளித்து வரவேற்றதாக நினைத்துவிட்டாள். குஞ்சு பறக்கும் வரைக்கும் அதை யாரும் தொடக் கூடாது, அது சட்டம், நீங்கள் பயப்படாதீர்கள் என்று எனக்கு ஆறுதல் வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்குத்தான் மௌரி அவென்யூ கடையில் வாங்கிய காலிங் கார்டைச் சுரண்டி உனக்குப் போன் போட்டேன். அன்னம், டிவி, டாக்டர் சொன்னது, சட்டம், செந்தில் பேசியது, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். நீ நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. மஞ்சள் தண்ணீர் வந்த இடத்தில் மட்டும் போனைத் தள்ளி வைத்துக்கொண்டு சிரித்தாய். எனக்கு நன்றாகக் கேட்டது.

"லூசு, அப்படியே சுவத்துக்குக் குங்குமமும் வெச்சு விட்ருக்கலாமே."

"சிரிக்காதடி. என் பொண்ணு இருமறா."

"எத்தனை தடவை இருமினா?"

"என்னது?"

"இன்னிக்குக் காலைலேர்ந்து. எத்தனை தடவை?"

யோசித்துப் பார்த்தேன். ஒரே ஒரு தடவை. அதுவும் பால் குடிக்கும்போது.

"அப்ப உன் பொண்ணுக்கு இருமல் இல்ல. பால் புரையேறியிருக்கு. அதைச் சொல்லு."

எனக்குக் கோபம் வந்தது. உனக்கு அது தெரிந்துவிட்டது. அதனால்தான் நீ மூக்கறுபட்ட கதையைச் சொன்னாய். உன் ஊரிலும் எல்லோருக்கும் என்னைப் போலவே பயமாம். வருடா வருடம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து தகைவிலான்கள் கூரையோரத்தில் கட்டுகிற மண்கூடுகளை (தகைவிலான் என்ற பெயரே நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும், அதுவரை எனக்கு எல்லாம் குருவிதான்) சிலர் தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்துவிட ஆரம்பித்தார்களாம். அன்னத்துக்கு வந்த நோய்க்குக் கூரைக் குருவி மேல் ஆத்திரம். ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் பொதுவாக ஒரு சட்டம் இருக்கிறது, காட்டுப் பறவையையோ முட்டையையோ கூட்டையோ வேண்டுமென்றே அழிக்கக் கூடாது என்றாய். எல்லை தெரியாமல் பறக்கிற ஒன்றுக்கு ஒரு நாடு மட்டும் காவல் இருந்து என்ன பிரயோசனம், அதனால்தான் சேர்ந்து போட்டிருக்கிறார்கள் என்றாய்.

"ஆனா சட்டம் தானா எந்திரிச்சு வந்து ஓஸ் பைப்பைப் பிடுங்காதுடி. யாராவது போய்ச் சொல்லணும்."

நீ போனாய். உன் தெருவில் ஒருவர் தன் கராஜ் சுவரில் இருந்த கூடுகளைத் தண்ணீர் அடித்து விழ வைத்திருந்தார். இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்தில் போய் உட்கார்ந்து, அரைகுறை ஜெர்மனில், கொடுமை, மனசாட்சி இல்லையா, எவ்வளவு தூரம் பறந்து வருகிறது தெரியுமா என்று பொரிந்து தள்ளினாயாம். எதிரே இருந்த அதிகாரி அம்மாள் ஒரு வரி எழுதவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நீங்கள் கண்ணால் பார்த்தது எது?" என்று கேட்டாளாம்.

"எனக்கு வந்துச்சே கோபம். நான் இவ்ளோ சொல்றேன், இவ என்ன இப்படிக் கேக்கறான்னு. அப்புறம் யோசிச்சுப் பாத்தா, அதுவரைக்கும் நான் பயந்ததையும் திட்டினதையும்தான் சொல்லியிருக்கேன். பார்த்ததுல ஒண்ணைக்கூடச் சொல்லல."

பிறகு நிதானமாகச் சொன்னாயாம். சுவரில் வட்ட வட்டமாக மண் தடம். கீழே தரையில் ஈரம். உடைந்த முட்டை ஓடு, ஒன்றில் கரு ஒட்டிக்கொண்டிருந்தது. ஓஸ் பைப் சுருட்டாமல் அங்கேயே கிடந்தது. அவள் எழுதிக்கொண்டாள். அந்த மனிதர் அடுத்த வாரமே கூரையடியில் செயற்கைக் கூடுகள் மாட்ட வேண்டி வந்தது. மாட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நீதான். "ஏறும்போது என்னை முறைச்சாரு. எறங்கினப்புறம் கேக் குடுத்தாரு," என்றாய்.

நீ எப்போதுமே இப்படித்தான். திருச்சி ஹாஸ்டலில், நல்ல மே மாதத்தில், சீலிங் ஃபேனின் கிண்ணத்தில் சிட்டுக்குருவி வைக்கோல் அடைத்திருக்கிறது என்று ஃபேனைப் போட விடவில்லையே. "குஞ்சு பொரிக்கற வரைக்கும்தான், செத்தா போயிடுவீங்க?" என்றாய். அறையில் இருந்தவர்கள் எல்லாம் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு பரீட்சைக்குப் படித்தோம். லதா அதற்காக உன்னை இன்னும் திட்டுகிறாள். இப்போதெல்லாம் திட்டைப் பாதியில் விட்டுவிட்டு மூக்கைச் சிந்துகிறாள்.

அந்தப் போனுக்குப் பிறகு நான் எப்போது அலறினாலும் உனக்கு ஒரே கேள்விதான். "சரி, என்ன பார்த்தே?" எரிச்சலாக வரும். ஆனாலும் பழகிவிட்டது. உனக்கு டயல் பண்ணும் முன்பே தாராவை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு வருவேன். பார்த்த பிறகு பல நாள் போன் பண்ணவே வேண்டியிருக்கவில்லை.

அதற்கு அடுத்த குளிர்காலம்தான் நான் உனக்கு ஆயுசுக்கும் கடன்பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தாராவுக்குச் சளி. சாதாரணச் சளிதான் என்றார் செந்தில், எனக்கும் அப்படித்தான் இருந்தது, திடீரென்று அவள் மூச்சு வேறு மாதிரி கேட்கும் வரைக்கும். ஆஸ்பத்திரியின் நர்ஸ் லைனுக்கு நான் அதற்கு முன் எத்தனையோ தடவை போன் செய்தவள். குறைமாதம், பறவை, டிவியில் பார்த்தது என்று கலந்து கட்டிப் பேசுவேன். பாவம், அவர்களும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, குழந்தைக்குப் பால் கொடுங்கள், நீங்களும் கொஞ்சம் ரெஸ்ட் எடுங்கள் என்பார்கள்.

அன்றைக்கும் அதே அழுகை வாய் வரைக்கும் வந்தது. உன் குரல் என் காதில் கேட்டது என்றெல்லாம் கதை விட மாட்டேன். கை தானாகப் போய் அவள் சட்டையைத் தூக்கியது. பார்த்தேன். பார்த்ததைச் சொன்னேன். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவில் குழி விழுகிறது. மூக்கு விரிகிறது. காலையிலிருந்து டயப்பர் நனையவில்லை. பாட்டிலை வாயில் வைத்தால் ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு விட்டுவிடுகிறாள். உதட்டைச் சுற்றி நீலமாகத் தெரிகிறது.

அந்தப் பக்கம் நர்ஸ் வேறு எதுவும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு உடனே 911-இல் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் மாட்டி, அவள் நெஞ்சு நிதானமாக ஏறி இறங்க ஆரம்பித்த பிறகு டாக்டர் என்னிடம் வந்தார். சரியான நேரத்தில் கொண்டு வந்துவிட்டீர்கள், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று இருந்திருந்தால் கஷ்டம் என்றார். போனில் நான் சொன்னதை நர்ஸ் எழுதி அனுப்பியிருந்தாளாம். நீங்கள் மெடிக்கல் ஃபீல்டா என்று கேட்டார். செந்தில்தான் பதில் சொன்னார்: "நோ, ஹர் ஃப்ரெண்ட் வாட்சஸ் பேர்ட்ஸ்." டாக்டர் ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போனார்.

அடுத்து வந்த வெயில் காலத்தில் நீ எங்களைப் பார்க்க வந்தபோது இதை உன்னிடம் ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். நீ பால்கனியில் தாராவை மடியில் வைத்துக்கொண்டு, கறையையும் கூட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். "தகைவிலான் சொல்லு, செல்லம்," என்றாய். அவள், "நோ. பேர்டி," என்றாள். "உங்கம்மா மாதிரியே பேசற," என்றாய் நீ. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ இல்லேன்னா இவ..." என்று ஆரம்பித்தேன். "சீ போடி. பசிக்குது, வத்தக்குழம்பு வெச்சியா இல்லையா?" என்று எழுந்து உள்ளே போய்விட்டாய். ஆகவே இப்போது சொல்கிறேன், குறுக்கே எழுந்து போக முடியாது உனக்கு. நன்றிடி. என் குழந்தை அந்த அறையில் தூங்குகிறாள், மூச்சு சீராக வருகிறது. இப்போதுகூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

இன்றைக்குப் பெயின்ட்காரர்கள் முதலில் சுவரைக் கழுவ மெஷினோடு வந்தார்கள். அவர்களுடைய மேஸ்திரி கூட்டைப் பார்த்துவிட்டு, பழசுதானே, காலியாகத்தான் இருக்கும் என்றார். நான் போய் நின்றேன். இரண்டு பறவையும் காலையில் மாறி மாறி உள்ளே போய் உட்கார்ந்ததைப் பார்த்தேன், ஒன்று வாயில் இறகோடு வந்தது என்றேன். சத்தம் போடவில்லை, பாவம் புண்ணியம் பேசவில்லை. அவர் தன் ஆபீஸுக்குப் போன் பண்ணிப் பேசிவிட்டு, மெஷினைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். கீழ்ச் சுவரை மட்டும் துடைத்துப் பூசினார்கள். கூட்டைச் சுற்றிப் பழைய நிறம் அப்படியே இருக்கிறது. தாரா பார்த்துவிட்டு, "அம்மா, தே காட் தேர் ஓன் ரூம்," என்றாள்.

இப்போது அவள் விழுந்து அழுதுகொண்டு வந்தால் நான் பதறுவதில்லை என்று சொன்னால் பொய். பதறுகிறேன். ஆனால் முதலில் அவளை முழுக்க அழவிட்டு, அப்புறம்தான், "எங்க, காட்டு," என்கிறேன். இந்த வரிசை உன்னிடமிருந்து வந்தது. நீ ஒரு தடவைகூட என்னைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்டதில்லை. நான் பயந்ததெல்லாம் தீரும் வரை காத்திருப்பாய்.

போன வருடம் உனக்கு உடம்பு முடியாமல் போனபோது நீ போனில் சொன்னதெல்லாம் ஒழுங்காக ஞாபகம் இருக்கிறது. அம்மா ஊரிலிருந்து வந்திருக்காங்க. இன்னிக்கு ரெண்டு இட்லி எறங்குச்சு. ஊசி போட்ட கை வீங்கியிருக்கு. முடி போயிடுச்சு, தொப்பி நல்லாத்தான் இருக்கு. ஜன்னலுக்கு வெளியே கம்பியில தகைவிலான் எல்லாம் வரிசையா உக்காந்திருக்கு, கிளம்பற நேரம் வந்துடுச்சு. இவ்வளவுதான் சொல்வாய். நானும் அதைக் கேட்டுக்கொண்டு, மருந்து என்ன, சாப்பாடு என்ன என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுவேன். பிறகு ஒரு நாள், நீ போய்விட்டாய் என்று உன் தம்பியிடமிருந்து மெயில் வந்தது.

என் பயத்தைக் கொட்ட எனக்கு நீ இருந்தாய். உன் பயத்தை நீ யாரிடம் சொன்னாய்? அம்மாவிடம் சொல்லியிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். ராத்திரி தூக்கம் வந்ததா? என்ன நினைத்துக்கொண்டு படுத்திருந்தாய்? எவ்வளவு நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, கலந்து கட்டிச் சொன்னாலும் பரவாயில்லை, நான் நடுவில் பேச மாட்டேன்.

சீக்கிரம் பதில் போடு.